நகராத வட்டம்

உர்சுலா பூ கட்டும்போது பூவைப் பார்க்க மாட்டாள். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் கமலநாதனின் பூக்கடையில் அவளுக்குப் பதினாறு வருட வேலை. நாரைச் சுற்றுவதையும் முடிச்சை இழுப்பதையும் விரல்களே பார்த்துக்கொள்ளும். கண்கள் மட்டும் எதிரே, ஒரு காலி மைலோ டின்னில் சாய்த்து வைத்த போனிலேயே இருக்கும்.

போனில் ஓடுவது படமோ பாட்டோ அல்ல, ஒரு வரைபடம். கிளாங்கில் அவள் குடியிருக்கும் தாமான் குடியிருப்பின் நான்கு தெருக்கள், ஒரு கால்வாய், மூலையில் சூராவ் என்ற ஒரு சின்னத் தொழுகைக்கூடம். நடுவில் நீலமாய் ஒரு வட்டம். அந்த வட்டம்தான் அவள் கணவர் அம்புரோஸ்.

அம்புரோஸ் முப்பத்திரண்டு வருடம் ரயில்வேயில் கார்டாக இருந்தவர். பச்சைக் கொடியை அவர் காட்டினால்தான் வண்டி நகரும். ஓய்வு பெற்ற இரண்டாவது வருடம் மறதி வந்தது. முதலில் சாவி வைத்த இடம் மறந்தது, அப்புறம் பக்கத்து வீட்டுக்காரர்களின் பெயர், அப்புறம் மகள் ஸ்டெஃபனி ஜோகூரில் இருக்கிறாள் என்பது. போன வருடம் ஒரு மழைநாளில் யாரிடமும் சொல்லாமல் வெளியே போய்விட்டார். போர்ட் கிளாங் பக்கம் தண்டவாளத்தை ஒட்டி நடந்துகொண்டிருந்தவரை ஒரு லோரிக்காரர் கண்டுபிடித்துக் கூட்டி வருவதற்குள் ஆறு மணி நேரம் ஓடிவிட்டது. அந்த ஆறு மணி நேரம் உர்சுலாவை விட்டு இன்னும் போகவில்லை. பாத்திரம் விழுந்தாலும் திடுக்கிடுவாள். தொலைபேசி அடித்தால் எடுப்பதற்கு முன்னாலேயே செருப்பைத் தேடுவாள்.

கேட்டைப் பூட்டிப் பார்த்தாள். அவர் கம்பியைப் பிடித்து ஆட்டி ஆட்டி உள்ளங்கையைக் கிழித்துக்கொண்டார். அதோடு பூட்டை விட்டுவிட்டாள். வேலையை விட்டுவிடச் சொன்னாள் ஸ்டெஃபனி. "வீட்லயே உட்கார்ந்தா ரெண்டு பேருக்கும் புத்தி பேதலிச்சிரும்" என்று இவள் மறுத்தாள். கடைசியில் மகள் ஒரு கைக்கடிகாரமும் புதுப் போனும் வாங்கி அனுப்பினாள். கடிகாரம் அப்பா கையில், போன் அம்மா கையில். கடிகாரம் எங்கே போகிறதோ அங்கே நீல வட்டமும் போகும்.

மகள் நினைத்தது, அம்மா எப்போதாவது எடுத்துப் பார்ப்பாள் என்று. உர்சுலாவோ திரை அணையவே விடவில்லை. வெளிச்சத்தை முழுக்க ஏற்றி, சார்ஜரைச் செருகி, காலை எட்டு மணியிலிருந்து மாலை ஐந்து வரை அதே வரைபடம். ஞாயிற்றுக்கிழமை பூசையில் அம்புரோஸ் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும்போதும் ஜெபப் புத்தகத்துக்கு நடுவே போன் திறந்திருக்கும். வீட்டில் அவர் குளியலறைக்குப் போனால்கூட எழுந்து போய்ப் பார்க்க மாட்டாள், வட்டத்தைப் பார்ப்பாள்.

பதினோரு மாதம் இப்படிப் போயிற்று. ஒரு நாள் காலை வேலைக்கு வரும் ரயிலில், மகள் அனுப்பிய படத்தில் மகளின் கன்னத்தின் மேல் வெளிறிய மஞ்சளில் ஒரு வட்டம் தெரிந்தது. எண்ணெய்ப் பிசுக்கு என்று துடைத்தாள், போகவில்லை. வெள்ளையாக எதைத் திறந்தாலும் அதே இடத்தில் அதே வட்டம்.

மத்தியானம் அடுத்த சந்தில் இருந்த முகமது ரஃபீக்கின் கைப்பேசிக் கடைக்குப் போனாள். ரஃபீக் ராமநாதபுரத்துக்காரன், வந்து நாலு வருடம் ஆகிறது. கணவரின் கடிகாரத்தைப் பற்றி அவள் சொன்னதைக் கேட்டுக்கொண்டே போனை வாங்கி, திரை முழுதும் சாம்பல் நிறம் வரும்படி ஏதோ செய்து அவள் பக்கம் திருப்பினான்.

அவள் தாமானே அங்கே இருந்தது. நான்கு தெருவும், கால்வாயும், நடுவில் வட்டமும் பழைய புகைப்படம் போல மங்கலாய்த் தெரிந்தன.

"மேப்பை மூடலியா தம்பி?"

"மூடியாச்சுக்கா. இது மேப் இல்ல, அதோட தடம். இந்த மாதிரி ஓலெட் ஸ்கிரீன்ல ஒவ்வொரு புள்ளியும் தானே எரிஞ்சு வெளிச்சம் குடுக்கும். ஒரே படத்தை மாசக்கணக்கா போட்டு வச்சா, அதிகமா எரிஞ்ச புள்ளி சீக்கிரம் தேஞ்சிரும். அதுலயும் நீலம்தான் முதல்ல தேயும். அதான் நீல வட்டம் இருந்த இடம் மஞ்சளா தெரியுது."

"கொஞ்ச நேரம் ஆஃப் பண்ணி வச்சா போயிடுமா?"

"சிலது போகும்க்கா. கொஞ்ச நேரம் நிழல் மாதிரி நின்னுட்டு தானா மறைஞ்சிடும். இது அப்படி இல்ல, ஆழமா பதிஞ்சிருக்கு. ஸ்கிரீனை மாத்தினாத்தான் போகும்." அவன் அவள் முகத்தைப் பார்த்தான். "இப்படி நாள் பூரா பாக்க வேண்டியதே இல்லக்கா. அவர் கேட்டைத் தாண்டினா போனே சத்தம் போடுற மாதிரி வச்சுத் தரேன். நீங்க ஸ்கிரீனை அணைச்சிடலாம்."

"வேணாம்லா. அது சத்தம் போட மறந்துச்சுன்னா?"

"மெஷின் மறக்காதுக்கா."

"எங்க வீட்ல மறதியைப் பத்தி எனக்குத் தெரியும் தம்பி" என்று போனை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். அன்றும் டின்னில் சாய்த்து வைத்தாள். வரைபடத்தில் மஞ்சள் வட்டத்தின் மேலேயே நீல வட்டம் உட்கார்ந்துகொண்டதால் கறை கண்ணில் படவில்லை.

மூன்று வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை. மறுநாள் இரண்டு கல்யாணம், ஒரு கடைத் திறப்பு. கடையில் ரோஜாவும் சம்பங்கியும் மூட்டை மூட்டையாய்க் கிடந்தன. உர்சுலா நிமிர முடியாமல் கட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு கண்ணிக்கு ஒரு முறை போனைப் பார்த்தாள். வட்டம் வீட்டில்தான் இருந்தது. கொஞ்சம் வெளிறியிருந்தது. மழை மேகம் கவிந்தால் சிக்னல் குறைந்து நீலம் வெளுத்துப் போவது வழக்கம்தான். மறுபடி குனிந்து கட்டினாள்.

பன்னிரண்டேகாலுக்குப் பக்கத்து வீட்டு வீரம்மா கூப்பிட்டாள். தினமும் மத்தியானம் அம்புரோஸுக்குச் சோறு எடுத்துப் போய்க் கொடுப்பவள் அவள்தான்.

"உர்சுலா, அண்ணனைக் கூட்டிட்டுப் போயிட்டியா?"

"இல்லையே. வீட்லதானே இருக்கார்."

"எங்க இருக்கார்? கேட் திறந்து கிடக்கு. ரூம், பாத்ரூம், பின்பக்கம் எல்லாம் பார்த்துட்டேன்."

"நல்லா பாருங்கக்கா. மேப்புல வீட்லதான் காட்டுது."

சொல்லிக்கொண்டே பெரிதாக்கிப் பார்க்கலாம் என்று திரையில் விரலை வைத்தாள். விரல் வழுக்கியது. தெருக்கள் நகர்ந்தன, கால்வாய் நகர்ந்தது, சூராவ் திரையை விட்டே வெளியே போனது. வட்டம் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது.

காலையில் கடிகாரத்துக்குச் சார்ஜ் சரியாக ஏறவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. பத்து மணிக்கே அது அணைந்துவிட்டது. நீல வட்டம் போய் இரண்டு மணி நேரத்துக்கு மேலாகிவிட்டது. அத்தனை நேரமும் அவள் பார்த்துக்கொண்டிருந்தது வெறும் தடத்தை.

மடியிலிருந்த மாலை தரையில் விழுந்தது. கமலநாதன், "என்னம்மா ஆச்சு?" என்று எழுந்தார். "அவரைக் காணோம்ண்ணே" என்றபோது அவள் ஏற்கெனவே தெருவில் இருந்தாள்.

ஸ்டேஷன் நடைமேடையில் பதினைந்து நிமிடம் வண்டி வரவில்லை. உட்கார முடியவில்லை. மஞ்சள் கோட்டை ஒட்டி இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள். வீரம்மாவை அழைத்து போலீசில் சொல்லச் சொன்னாள், மாதா கோயிலின் வாட்ஸ்அப் குழுவில் அவர் படத்தைப் போட்டாள், ஸ்டெஃபனியிடம் பேச வாயெடுத்து அழுகை முட்டியதால் வைத்துவிட்டாள். படத்தைப் பார்த்தவர்கள் எல்லோரும் போர்ட் கிளாங் பக்கம் தேடப் போனார்கள். போன தடவை அங்கேதானே கிடைத்தார்.

வண்டியில் ஏறியதும் மறுபடி அந்த வரைபடத்தைத் திறந்தாள். மூடினாள். திறந்தாள். பக்கத்தில் இருந்த சீனப் பெண் ஒரு மாதிரி பார்த்துவிட்டு நகர்ந்து உட்கார்ந்தாள். காலையில் அவர் என்ன சட்டை போட்டிருந்தார் என்று போலீசில் கேட்டதாக வீரம்மா கூப்பிட்டுச் சொன்னாள். உர்சுலாவுக்குத் தெரியவில்லை. கண்ணை மூடி யோசித்தாள். காப்பி கொடுத்தது ஞாபகம் இருந்தது. கடிகாரத்தை மாட்டிவிட்டது ஞாபகம் இருந்தது. அவர் ஏதோ கேட்டார், "ம்" என்றாள். என்ன கேட்டார்? சட்டை என்ன நிறம்? ஒன்றும் வரவில்லை. கடிகாரத்தின் பட்டை கறுப்பு என்பது மட்டும் தெரிந்தது.

போனைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள். பார்க்க ஒன்றும் இல்லாமல் கண்கள் அலைந்தன. ஜன்னலுக்கு வெளியே தொழிற்சாலைக் கூரைகள், பத்து தீகா நிலையம், மறுபடி கூரைகள். வண்டி ஷா ஆலம் நிலையத்தில் நின்றது. எதிர் நடைமேடையில், கோலாலம்பூர் போகும் பக்கம், ஒரு பெஞ்சில் நீலக் கட்டம் போட்ட சட்டையில் ஒரு ஆள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். இரண்டு கையும் முழங்கால் மேல்.

"ஏங்க!" என்று கண்ணாடியைத் தட்டினாள். கதவு மூடும் சத்தம் கேட்டது. பையோடு பாய்ந்து வெளியே குதித்தாள். கதவு பின்னால் அறைந்து மூடியது.

எதிர்ப்பக்கம் போக மேம்பாலம் ஏற வேண்டும். பாதிப் படி ஏறும்போது கோலாலம்பூர் வண்டி வருவதாக அறிவிப்பு வந்தது. ஐம்பத்து நாலு வயது முட்டியை வைத்துக்கொண்டு அவள் எப்படி ஓடினாளோ, பாலத்தின் நடுவில் நிற்கும்போது வண்டி அடியில் நுழைந்தது. அவர் ஏறிவிட்டால் அடுத்தது எங்கே இறங்குவார்? செரம்பானா, ரவாங்கா? இரண்டிரண்டு படியாய் இறங்கினாள். பெஞ்ச் காலியாக இருந்தது.

அவர் வண்டியின் கடைசிப் பெட்டிக்கு நேராக, கோட்டுக்கு ஓர் அடி தள்ளி நின்றுகொண்டிருந்தார். வண்டியின் நீளத்தை ஒரு முறை கண்ணால் அளந்தார். எல்லோரும் ஏறியாயிற்றா என்று பார்த்தார். பிறகு வலது கையை உயர்த்திக் காட்டினார். கதவுகள் மூடின. வண்டி கிளம்பிப் போனது. கை இறங்கவில்லை.

உர்சுலா அந்தக் கையைப் பிடித்தாள்.

"வந்துட்டியா உர்சு?" என்றார் அம்புரோஸ். "இந்த வண்டி ரெண்டு நிமிஷம் லேட்டு."

"எங்கங்க போனீங்க? ஏன் போனீங்க?"

அவர் யோசித்தார். "காலையில கேட்டேனே" என்றார். "நீ சரின்னியே."

என்ன கேட்டார் என்று அவருக்கும் நினைவில்லை, அவளுக்கும் தெரியாது. எப்படி வந்தார் என்று பிறகு ஊகிக்க முடிந்தது. பையில் இருந்த பழைய பயண அட்டையைத் தட்டிக் கிளாங்கில் வண்டி ஏறியிருக்கிறார். ஏன் ஷா ஆலத்தில் இறங்கினார், அந்த பெஞ்சில் எத்தனை வண்டியை அனுப்பி வைத்தார் என்பது யாருக்கும் தெரியவில்லை. வீரம்மாவுக்குச் சொல்லிவிட்டு, அடுத்த வண்டிக்காக இருவரும் உட்கார்ந்தார்கள். உர்சுலா அவர் சட்டையைப் பார்த்தாள். மூன்றாவது பட்டன் இல்லை. எத்தனை நாளாக இல்லையோ. தாடையில் ஓர் இடம் சவரக்கத்தி படாமல் நரைமுடி நீண்டிருந்தது. அதைத் தொட்டுப் பார்த்தபோது அவர் கூச்சத்தோடு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மறு வாரம் ரஃபீக்கிடம் போய், கேட்டைத் தாண்டினாலும் கடிகாரத்தில் சார்ஜ் இறங்கினாலும் சத்தம் போடும்படி வைத்து வாங்கினாள். திரையை மாற்றவில்லை. "இருக்கட்டும் தம்பி" என்றாள். அவனும் வற்புறுத்தவில்லை. வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்து, அரை நிமிடத்தில் தானாக அணையும்படி வைத்துக் கொடுத்தான்.

இருந்தும் அவளால் கிளாங்கில் அவரை விட்டுவிட்டு வந்து இருக்க முடியவில்லை. அரை நிமிடத்தில் அணையும் திரையை அரை நிமிடத்துக்கு ஒருமுறை தட்டி எழுப்பிக்கொண்டிருந்தாள். நான்கு நாள் பார்த்த கமலநாதன், "பேசாம அவரையே கூட்டிட்டு வந்திரும்மா. இங்க ஒரு நாற்காலி போடுறது கஷ்டமா?" என்றார்.

இப்போது வாரத்தில் மூன்று நாள் அம்புரோஸும் அதே வண்டியில் பிரிக்ஃபீல்ட்ஸ் வருகிறார். மற்ற நாட்களில் உர்சுலா வேலைக்குப் போவதில்லை. கடையில் அவரிடம் ஒரு கூடை ரோஜாவைக் கொடுத்தால் காம்பைக் கிள்ளிச் சிவப்பையும் வெள்ளையையும் தனித்தனியாகப் பிரித்து வைப்பார். சில நாள் கலந்து வைத்துவிடுவார். ஸ்டெஃபனி கூப்பிட்டால், "அப்பா நல்லா இருக்காரா?" என்பாள். "இதோ, நீயே பேசு" என்று போனை அவர் கையில் கொடுப்பாள் உர்சுலா.

ஆனால் அவர் ஓர் இடத்தில் இருப்பவர் இல்லை. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, கோயில் பக்கமோ ஸ்டேஷன் பக்கமோ நடக்கத் தொடங்கிவிடுவார். கட்டிக்கொண்டிருக்கும் மாலையை அப்படியே போட்டுவிட்டு, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு உர்சுலாவும் பின்னாலேயே போவாள்.

"பாதி மாலையா கிடக்கே, கஸ்டமர் வந்துட்டார்லா" என்று கடையிலிருந்து கமலநாதன் கத்துவார்.

"வந்துடுறோம்ண்ணே" என்பாள், திரும்பிப் பார்க்காமல்.