மாமனின் பித்தளைக் கூடுகள்

அடுக்களை ஜன்னலுக்குக் கீழே ஒரு பலாப்பலகை. அதில் ஒரு கருவியைத் திருகி வைத்திருக்கிறேன். ஒரு சாண் நீளம்தான். ஒரு முனையில் தோட்டாக் கூட்டின் அடியைக் கவ்விப் பிடிக்கும் வாய். மறுமுனையில் சுற்றுகிற கைப்பிடி. நடுவில் பல் வைத்த வெட்டுத்தலை. சுட்டு முடிந்த பித்தளைக் கூட்டை வீட்டில் மறுபடி மருந்து போட்டு நிறைப்பவர்களுக்கு வேண்டிய சாமான் அது. கூட்டின் வாயை அளவாக வெட்டித் தரும். இப்போது அதற்கு வேலை இல்லை. வருகிறவர்கள் தேங்காய் திருவுகிற மிஷினா என்று கேட்பார்கள். ஆமா என்று சொல்லிவிடுவேன். மழை தொடங்கும்போது ஒரு சொட்டு எண்ணெய் விடுவேன். அதைப் பார்த்தால் மாமன் நினைவு வரும். வர வேண்டும் என்றுதான் கண்ணில் படுகிற இடத்தில் வைத்திருக்கிறேன்.

மாமன் அம்மாவின் அண்ணன். அம்பூரிச் சரிவில் அவருக்கு ரப்பரும், மரச்சீனி என்கிற மரவள்ளிக்கிழங்கும் உண்டு. பயிர் காக்க லைசென்ஸ் எடுத்த ஒற்றைக்குழல் துப்பாக்கியும் உண்டு. எங்கள் வீடு பாறசாலைக்குக் கீழே, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி. தொண்ணூறுகளில் நானும் தம்பியும் மாமனின் ரப்பர் வெட்டப் போய் அங்கேயே ஷெட்டில் தங்குவோம். நான் நாலாம் கிளாஸோடு நின்றவன். தம்பி பத்து வரை படித்தான். சிரிக்கச் சிரிக்கப் பேசுவான். காட்டாக்கடைப் பக்கம் ஒரு பெண்ணைப் பேசி முடித்திருந்தோம். மாமனுக்கு அவனைப் பிடிக்கும். குறி தவறாது என்பதால் துப்பாக்கியை அவன் கையில்தான் கொடுப்பார். ஆனால் தோட்டா நிறைப்பது மாமன் மட்டும். அப்போது யாரையும் பக்கத்தில் விடமாட்டார். “எலே, மாறி நில்லு. இது உங்க ரப்பர்ப்பால் கோப்பை இல்லாக்கும்” என்பார்.

துப்பாக்கிக் குழலின் பின்பக்கம் தோட்டா உட்கார ஒரு அறை உண்டு. மாமனின் துப்பாக்கி பழையது, அறை குட்டை. மலிவாகக் கிடைத்தது என்று அவர் வாங்கிய கூடுகள் நீளம். வெட்டிக் குறைத்தால்தான் சேரும். அவர் அரத்தை எடுத்துக் கண்ணளவில் ராவினார். ஒன்று குட்டையாகும், ஒன்று கோணும், ஒன்று நீளமாகவே நிற்கும். நீளமான கூட்டின் வாய் அறையைத் தாண்டிக் குழலுக்குள் நெருக்கிக்கொண்டு போகும். அப்படி ஒன்று சுடும்போது அழுத்தம் முன்னால் போக வழியில்லாமல் பின்னால் வரும். ஒரு விடியலில் மரச்சீனியில் பன்னி இறங்கியது. மாமன் தோட்டா போட்டுத் துப்பாக்கியை நீட்டினார். தம்பி சுட்டான். பின்பக்கம் பிளந்தது. பித்தளைத் துணுக்கு அவன் வலது கண்ணுக்குள் போனது. பன்னி ஓடிப் போனது.

திருவனந்தபுரத்துப் பெரிய ஆஸ்பத்திரி வராந்தாவில் சொந்தக்காரர்கள் எல்லாரும் நின்றார்கள். பெண் வீட்டாரும் வந்திருந்தார்கள். மாமன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார். “பயல் கொறச்சு குடிச்சிருந்தான் போல. அவனேதான் நெறச்சான். நான் என்ன செய்ய? நெறச்சவன் பாத்துக்கிடணும்.” தம்பி கள்ளு கூடத் தொட்டதில்லை. உள்ளே கட்டுப் போட்டுப் படுத்திருந்தவன் காதில் இது விழுந்தது. எனக்குச் சட்டென்று பேச வராது. அன்றும் வரவில்லை. நான் வாயைத் திறக்கும் முன்னால் பெண்ணின் அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு படி இறங்கிவிட்டார். கல்யாணம் முடிந்தது, அதாவது இல்லாமல் போனது. கண் போனதைக்கூடத் தம்பி பெரிதாகச் சொன்னதில்லை. குடிகாரன் என்ற பேரைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. சந்திக்குப் போவதை நிறுத்தினான். சிரிப்பும் நின்றது.

கிழிந்த கூட்டை நான் மரச்சீனிச் செடிகளின் அடிமூட்டில் தேடி எடுத்திருந்தேன். அதைக் கொண்டுபோய் மாமன் முன்னால் வைத்தேன். வாய் நீளம் பாருங்க என்றேன். அவர் பார்க்கவில்லை. “மரம் வெட்டுகவன் எனக்குத் தோக்கு படிப்பிக்க வந்திருக்கான், கேட்டியளா” என்று மாமியைக் கூப்பிட்டுச் சிரித்தார். தோக்கு என்றால் அங்கே துப்பாக்கி. அன்றே அவர் ரப்பர் வெட்டை விட்டேன். அதே சரிவில் வேறொருவரின் மரம் பிடித்தேன். ஊரை விட்டுப் போகவில்லை. அவர் வாயிலிருந்து ஒரு பேச்சு எனக்கு வேண்டும். தம்பி நிறைக்கவில்லை, நான் நிறைத்தது என்று நாலு பேர் கேட்கச் சொல்ல வேண்டும். அது கிடைக்காமல் போகக்கூடாது என்று இருந்தேன்.

கிழிந்த கூட்டைத் துப்பாக்கிக் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் அளந்து பார்த்தார். நீளம் கூடுதல், இப்படி ஒன்றைப் போடவே கூடாது என்றார். மாமனும் துப்பாக்கியைச் சரிசெய்ய அதே கடைக்குத்தான் வந்திருந்தாராம். இனிக் கூடுகளை அளவாக வெட்டாமல் சுட்டால் நான் பொறுப்பில்லை என்று அவரிடமும் சொல்லி அனுப்பியிருந்தார். மாமன் அந்தக் கருவியை வாங்கவில்லை. அவர் கையிலிருந்து காசு இறங்காது. அப்போதுதான் நான் வாங்குவது என்று தீர்மானித்தேன். பன்னி நிற்காது. என்றைக்காவது அவர் என்னிடம் வந்தே ஆக வேண்டும்.

கடையில் கண்ணாடிக்குள் இருந்தது வெளிநாட்டுச் சாமான். விலை கேட்டு வெளியே வந்தேன். காட்டாக்கடைச் சந்தையில் குழாய் வெட்டுகிற சக்கரம் மலிவாகக் கிடைத்தது. பித்தளை மெல்லிசு, சக்கரம் அமுக்க அமுக்க வாய் உள்ளே மடங்கியது. நெய்யாற்றின்கரையில் லேத் வைத்திருந்தவர் நன்றாக வெட்டுவேன் என்றார். ஒவ்வொரு தடவையும் அவர் கூலிக்கு நான் எங்கே போவேன்? கடைசியில் அதியன்னூரில் ஒரு பட்டாளத்துக்காரர் பழையதை விற்கிறார் என்று கேட்டுப் போனேன். என்னைத் திண்ணையிலேயே நிறுத்தி, “தோக்கு உண்டா?” என்றார். இல்லை என்றேன். “பின்னே என்னத்துக்கு இது?” வேணும் என்றேன். “தோக்கில்லாதவனுக்கு இது, மாடில்லாதவனுக்குக் கறவைப் பாத்திரம்” என்று அவரே சிரித்தார். மங்கின கைப்பிடியையும் துருவையும் நான் கணக்கில் எடுக்கவில்லை. பார்த்தது மூன்று காரியம்தான். கூட்டின் அடியை ஆடாமல் பிடிக்கிறதா. வெட்டுத்தலை தேய்ந்தால் சாணை பிடிக்க முடியுமா. பிறகு நிறுத்து திருகு. இவ்வளவு போதும் என்று வெட்டுத்தலையைத் தடுக்கிற திருகு அது. அதை இறுக்கிவைத்து ஒரே கூட்டைத் திரும்பத் திரும்ப ஓட்டினேன். இரண்டாம் தடவை ஒரு தூள்கூட விழவில்லை. அந்தத் திருகு வழுக்கினால் எவ்வளவு மலிவானாலும் வாங்கக்கூடாது. கூட்டின் வாய்க்குள் நுழைந்து நடுவில் நிறுத்தும் கட்டை மட்டும் காணாமல் போயிருந்தது. அதற்காகவே விலை குறைத்தார். ஆட்டுக்குட்டியை விற்றுக் கொடுத்தேன். கட்டையைப் புளியமரத்தில் செதுக்கிக்கொண்டேன். ரப்பர் வெட்டுகிற கைக்கு இந்த வேலை ஒத்துவந்தது. பட்டை போக வேண்டும், தடியில் கத்தி படக்கூடாது. அதே கை.

சரிவில் லைசென்ஸ் உள்ளவர்கள் காலிக் கூடுகளைக் கொண்டுவர ஆரம்பித்தார்கள். வெட்டிக் கொடுத்தேன். கூலி வாங்கவில்லை. எல்லார் துப்பாக்கியும் ஒழுங்காகச் சுட்டது. பன்னிகள் அவர்கள் வயல்களை விட்டன. போட நல்ல கூடு இல்லாமல் துப்பாக்கி சும்மா கிடந்த மாமன் வயலுக்குப் போயின. முதலில் மரச்சீனி, பிறகு வாழை. ஒரு சனிக்கிழமை மாமன் பிஸ்கட் டின் ஒன்றைத் தூக்கிக்கொண்டு என் வாசலில் நின்றார்.

“மக்கா, இதொண்ணு வெட்டித் தரணும். கூலி எவ்வளவு ஆனாலும் தாறேன்.”

“தம்பி நெறைக்கல்ல, நான் நெறச்சதுன்னு சந்தியில நின்னு சொல்லுங்க மாமா. கூலி அதாக்கும்.”

“அது கழிஞ்ச காரியம்லா. இனி சொன்னா போன கண்ணு வருமா?”

“வராது. வச்சிட்டுப் போங்க.”

ஒன்றை இங்கே சொல்லிவிடுகிறேன். அந்தக் கூடுகள் ஒவ்வொன்றையும் அளவு தப்பாமல் வெட்டினேன். வேறு யாருக்கும் அவ்வளவு கவனமாக வெட்டியதில்லை. உள்ளும் புறமும் பிசிறு எடுத்து, துணி போட்டுத் துடைத்து டின்னில் அடுக்கினேன். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆராதனை முடிந்து அவர் வந்தார். டின்னைத் திறந்து ஒன்றை எடுத்து வெயிலில் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். “எல்லாம் ஒக்க சரியாட்டு உண்டா மக்கா?” என்றார். நான் சொன்னேன். “நெறச்சவன் பாத்துக்கிடணும் மாமா.”

அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். கையில் இருந்த கூட்டை, சுடுகிற சாமானைப் போல டின்னில் போட்டார். எனக்கு அந்த நிமிஷம் போதும் என்று தோன்றியது. பிறகு போதவில்லை.

மாமன் அந்தக் கூடுகளில் ஒன்றைக்கூட நிறைக்கவில்லை. ஏதோ ஒன்றை நான் நீளமாக விட்டிருப்பேன் என்று பயம். கடைக்குக் கொண்டுபோய் அளந்திருக்கலாம். அளக்கச் சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். சொந்த மருமகன் வெட்டியதில் என்ன பயம் என்று கேட்டால், தம்பி கண்ணிலிருந்து எல்லாம் சொல்ல வேண்டும். வேறு கூடு வாங்கினாலும் ஊர் கேட்கும். அவர் வீட்டுக்குள்ளேயே டின்னை வைத்துக்கொண்டு இருந்தார். பன்னி மரச்சீனி மூடு முழுவதும் தோண்டியது. மாமி வந்தாள். “மக்கா, அதில எதாவது ஒண்ணு...?” என்று இழுத்தாள். கூலி வரவில்லை என்று மாமாவிடம் சொல்லுங்கள் என்றேன். மாமி அழுதாள். காப்பி போட்டுக் கொடுத்தேன். பேச்சை மாற்றவில்லை.

எலெக்ஷன் வந்தால் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். முடிந்ததும் எல்லாரும் வரிசையில் நின்று திரும்ப வாங்கினார்கள். மாமன் வரவில்லை. போலீஸ்காரர் ஆள் விட்டுக் கேட்டபோது, “அது அங்க இருக்கட்டே. பன்னி தின்னட்டே” என்றாராம். சந்தியில் இதைச் சொல்லிச் சிரித்தார்கள். பன்னிக்குச் சோறு போடுகிற முதலாளி என்று பேர் வைத்தார்கள். தம்பிக்கு வைத்த பேரைவிட அது சின்னது. ஆனாலும் ஒரு பேர்.

பல வருஷம் கழித்து மாமன் படுக்கையில் விழுந்தார். என்னை வரச் சொன்னார். போனேன். தம்பியும் கூட வந்தான், வாசலிலேயே நின்றுவிட்டான். மாமன் என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார். “அதில எது மக்கா?” ஒன்றும் இல்லை மாமா என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சொல்லவில்லை. “தம்பி வெளிய நிக்கான். கூப்பிடட்டா?” என்றேன்.  அவர் கையை விட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். மூன்றாம் நாள் அடக்கம்.

சடங்கு முடிந்து மாமன் மகன் டின்னைக் கொண்டுவந்து தந்தான். நானும் தம்பியும் அடுக்களையில் உட்கார்ந்து திறந்தோம். பித்தளை மங்கியிருந்தது. ஒவ்வொன்றாக எடுத்துக் கருவியில் மாட்டினேன். நிறுத்து திருகு நான் இறுக்கிய இடத்திலேயே இருந்தது. கைப்பிடியைச் சுற்றினேன். ஒரு தூள் விழவில்லை. தம்பி நல்ல கண்ணை அருகே கொண்டுவந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஒக்க சரியாட்டுத்தானே அண்ணா வெட்டியிருக்க.”

“ஆமா.”

“அப்பம் அவருட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே.”

“அவரும் சொல்லியிருக்கலாம்” என்றேன்.

 தம்பி எழுந்து எண்ணெய்க் குப்பியை எடுத்து என் பக்கம் நகர்த்தி வைத்தான். இந்த மழைக்கும் ஒரு சொட்டு விட்டிருக்கிறேன்.