தூசி இல்லை என்றார் அமைச்சர்

காலையில் பெங்களூர் போகிற ரயிலில் ஜன்னல் சீட்டு கிடைத்தால் அன்றைக்கு நான் நல்லவள். கிடைக்காவிட்டால் பக்கத்தில் உட்காருகிறவர்கள் பாவம். போன வாரம் ஒருநாள் கிடைக்கவில்லை. எதிரே கம்பெனி அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிய ஒரு பெண் போனில் பார்லிமெண்ட் பார்த்துக்கொண்டிருந்தாள். ஹெட்போன் போடவில்லை, அதனால் பெட்டி முழுவதற்கும் பார்லிமெண்ட். எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் எழுந்து ஏதோ கேட்கிறார். பதில் சொல்ல வேண்டிய அமைச்சர் பக்கத்து இருக்கைக்காரரிடம் சாய்ந்து என்னவோ சொல்லிச் சிரிக்கிறார். கேள்வி என்னவென்று எனக்குக் கேட்கவில்லை. அந்தச் சிரிப்பே போதும், வயிறு எரிந்துவிட்டது. அந்தப் பெண் விரலால் ஒரு தள்ளு தள்ளி, யாரோ பரோட்டா வீசுவதைப் பார்க்கப் போய்விட்டாள். பங்காருபேட்டை தாண்டியும் நான் அந்தச் சிரிப்பிலேயே இருந்தேன்.

உங்களிடம் சொல்வதற்கென்ன, எனக்குக் கோபம் வந்தால் நாக்கில் ஒரு ருசி வரும். துவர்ப்பு மாதிரி, கரிப்பு மாதிரி, பல்லில் நறநறவென்று. அது சயனைட் மேட்டின் ருசி. கோலார் தங்கவயலில் பிறந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பூமிக்கடியிலிருந்து வெட்டி வந்த கல்லை மாவாக அரைத்து, சயனைட் போட்டுத் தங்கத்தைப் பிரித்துக்கொண்டு, மிச்ச மாவை ஊருக்குள்ளேயே மலை மலையாகக் கொட்டிவிட்டுப் போனார்கள். தங்கம் யார் யார் கழுத்துக்கோ போனது. மாவு எங்களுக்கு. ஆடிக் காற்று கிளம்பினால் அந்த மேடு எழுந்து நடந்து எங்கள் வீட்டுக்குள் வரும். சோற்றில் இருக்கும், தலையணையில் இருக்கும், குழந்தையின் இமையில் இருக்கும்.

நான் சொல்லப்போகிற காலத்தில் சுரங்கத்தை மூடிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. நான் ராபர்ட்சன்பேட்டை பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு டைப்பிங், ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்தேன். ஊரே மனு எழுதிக்கொண்டிருந்த காலம், ஆகையால் எங்கள் கடைக்கு மட்டும் நல்ல வியாபாரம். கன்னடம், இங்கிலீஷ், தமிழ் மூன்றிலும் "பணிவுடன் வேண்டிக்கொள்கிறேன்" என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அடிப்பேன். அவ்வளவு பணிவை டைப் அடித்தவளுக்குத் தனக்கென்று கொஞ்சமும் மிச்சமில்லாமல் போய்விட்டது என்று முதலாளி சொல்வார்.

அந்தக் கடைக்குத்தான் ஒருநாள் மெம்பரம்மா வந்தார். எதிர்க்கட்சிக்காரர், ராஜ்யசபா உறுப்பினர். சொந்த ஊர் முல்பாகல் பக்கம், வக்கீல், வீட்டில் கன்னடம், எங்களோடு உடைந்த தமிழ். ராஜ்யசபாவுக்கு நாம் ஓட்டுப் போடுவதில்லை, அதனால் எங்கள் ஊரால் அவருக்குக் காலணா பிரயோஜனம் கிடையாது. இதை நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். ஓட்டுக் கேட்டு வந்தவர்கள் எல்லோரும் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். ஓட்டு வேண்டாதவர்தான் நின்று கேட்டார்.

ஏதோ டைப் அடிக்க வந்தவர், கரண்ட் இல்லாததால் உட்கார்ந்திருந்தார். கீபோர்டின் பிளாஸ்டிக் உறைமேல் விரலால் ஒரு கோடு இழுத்துப் பார்த்து, இது என்ன என்று கேட்டார். மேட்டு மாவு, எங்கள் வீட்டுக்கு வந்தால் இதிலேயே இட்லி அவிக்கலாம் என்றேன். வாய்க்கொழுப்புதான். அவர் சிரிக்கவில்லை. பையை மூடிக்கொண்டு எழுந்து, "வா, போலாம்" என்றார்.

பாலகாட் சுரங்கத்துப் பக்கம் எங்கள் லைன். லைன் என்றால் சுரங்கத் தொழிலாளிகளுக்குக் கட்டிய, ஒரே சுவரில் ஒட்டிய வரிசை வீடுகள். சொல்லாமல் கொள்ளாமல் ஒரு பார்லிமெண்ட் மெம்பரை வாசலில் கொண்டுவந்து நிறுத்தியதற்கு அம்மா என்னைப் பார்வையாலேயே பொசுக்கினாள். பெயர் பச்சையம்மா, சுத்தத்தில் ராட்சசி. வீடு துடைக்காத நேரத்தில் யாரும் வந்துவிட்டால் அவளுக்கு அது மானம் போகிற விஷயம். காப்பி கொடுத்தாள். கொடுத்த கையை எடுப்பதற்குள் காப்பிமேல் சாம்பல் நிறத்தில் ஆடை படிந்துவிட்டது. மெம்பரம்மா அதை ஊதி ஒதுக்காமல் முழுக்கக் குடித்தார். இருமல் வெளியே கேட்கக் கூடாதென்று அம்மா பின்பக்கம் போய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். கேட்காமலா இருக்கும். அப்பா பாறையில் துளை போடுகிற வேலை செய்து, நெஞ்செல்லாம் கல்தூசியாகிப் போய்ச் சேர்ந்தவர். அம்மா சுரங்கத்துக்குள் காலே வைக்காதவள், அவளுக்கும் அதே இருமல். இன்னொரு ஆடிக் காற்றை இந்த நெஞ்சு தாங்காது, வேறு ஊருக்குப் போய்விடுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வேறு ஊர் என்று எதைச் சொன்னார் என்று எங்களுக்குத் தெரியவில்லை.

அம்மாவிடம் மெம்பரம்மா கேட்டது ஒன்றுதான், உங்களுக்கு என்ன வேண்டும் என்று. வீடு கேட்பாள், எனக்கு வேலை கேட்பாள் என்று நினைத்தேன்.

"அந்த மேட்டு மேல எதுனா போட்டு மூடச் சொல்லுங்க. அடுத்த ஆடிக்குள்ள" என்றாள் அம்மா.

அந்தக் குளிர்காலத்தில் மெம்பரம்மா சபையில் கேட்டுவிட்டார். சுரங்கத் துறை அமைச்சர் எழுந்து அப்படி ஒரு புகாரும் வரவில்லை என்று சொன்னார். மூன்று மொழியில் பணிவாக நான் அடித்து அனுப்பியதெல்லாம் எந்தக் கிணற்றில் விழுந்ததோ. மெம்பரம்மா விடவில்லை. புகார் வரவில்லையென்றால் ஆள் அனுப்பிப் பாருங்கள், எப்போது அனுப்புவீர்கள், தேதி சொல்லிவிட்டு உட்காருங்கள் என்று நின்றாராம். கத்துகிற பழக்கம் அவருக்கில்லை. எப்போது, யார், எங்கே என்று சின்னச் சின்னதாகக் கேட்பார், அமைச்சர்களுக்கு அதுதான் ஆகாது. வேறு வழியில்லாமல் அமைச்சர் ஒரு குழு அனுப்புவதாக ஒப்புக்கொண்டார்.

மாசியில் வந்தார்கள். வருவதற்கு முந்தின நாளே மெம்பரம்மா கடைக்குப் போன் செய்து, யாரும் எதையும் துடைக்கக் கூடாது, எப்படி இருக்கிறதோ அப்படியே இருக்கட்டும் என்று படித்துப் படித்துச் சொன்னார். நான் லைனில் வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள். எங்கள் ஜனங்கள் தலையாட்டுவதைப் பார்த்தால் உலகமே உங்கள் பக்கம் என்று தோன்றும்.

காலையில் கண் விழித்துப் பார்த்தால் தெரு ஈரமாக மினுமினுக்கிறது. வாசல்கள் கழுவியாகிவிட்டது, ஜன்னல் கட்டைகள் துடைத்தாகிவிட்டது, கூரைத் தகரத்தின் மேல்கூட ஏறித் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். எங்கள் லைனுக்குக் குழாய்த் தண்ணீர் என்றைக்கு வரும் என்று யாருக்கும் தெரியாது. வந்தால் அண்டா, குடம், பிள்ளைகளின் வாட்டர் பாட்டில் வரைக்கும் பிடித்து வைப்போம். அந்தக் குடிதண்ணீரை எடுத்துத் தெருவில் தெளித்துக்கொண்டிருக்கிறார்கள். முன்னால் நின்று நடத்துகிறவர் பக்கத்து வீட்டுக் கன்னியப்பன் மாமா, அப்பாவோடு சேர்ந்து துளை போட்டவர். பின்னால் இடுப்பில் குடத்தோடு என் அம்மா, மூச்சு வாங்கிக்கொண்டு.

நான் போட்ட சத்தத்தில் லைனே வெளியே வந்தது. உங்களுக்கெல்லாம் மூளை இருக்கிறதா, இதைக் காட்டத்தானே அவர்களை வரவழைத்தது என்று கண்டபடி பேசினேன். மாமா பக்கெட்டைக் கீழே வைத்தார்.

"வெடி வெச்ச எடத்துல தண்ணி அடிச்சு தூசி அடக்காம எந்த ஆளையும் உள்ள வுட்டதில்லம்மா. நாங்க சேந்த புதுசுல அதைச் செய்யாமதான் உங்கப்பன் நெஞ்சு கெட்டுப் போனான். வர்றவங்களுக்கும் பொண்டாட்டி புள்ளைங்க கீது."

சுரங்கத்தில் எத்தனையோ பேர் செத்துக் கற்றுக்கொண்ட ஒழுங்கு அது. சுரங்கம் போய்விட்டது, ஒழுங்கு மட்டும் உடம்பில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. டில்லி ஆபீசர்களின் நெஞ்சுக்குள் எங்கள் தூசி போய்விடக் கூடாதாம்.

ஆபீசர்கள் வந்தார்கள். கர்ச்சீப்பைத் தயாராகக் கையில் வைத்திருந்தவர் அதை மடித்துப் பையில் போட்டுக்கொண்டார். அன்றைக்குப் பார்த்துக் காற்றும் செத்துக் கிடந்தது. மேட்டைக் காரில் இருந்தபடியே பார்த்தார்கள். தெருவில் நடந்தார்கள், ரொம்ப சுத்தமாக வைத்திருக்கிறீர்கள் என்று புகழ்ந்தார்கள், அம்மாவின் காப்பியைக் குடித்தார்கள். அம்மாவுக்கு வாயெல்லாம் பல். நான் ஈரம் காய்ந்தால் என்ன ஆகும் என்று ஒரு ஆபீசரிடம் இங்கிலீஷில் சொல்லிப் பார்த்தேன். அவர் என் இங்கிலீஷையும் புகழ்ந்தார். அன்று சாயந்திரம் மெம்பரம்மாவுக்குப் போன் செய்து நடந்ததைச் சொல்லி அழுதேன். அவர் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை, கன்னியப்பன் சொன்னதை மறுபடி ஒருமுறை சொல்லச் சொன்னார்.

சித்திரையில் அமைச்சர் பதில் சொல்கிற நாள். மாமா வீட்டு டிவி முன்னால் லைனே உட்கார்ந்திருந்தது. அமைச்சர் வாசித்தார். குழு நேரில் ஆய்வு செய்தது, குடியிருப்பு மிகத் தூய்மையாக இருந்தது, தூசி எதுவும் காணப்படவில்லை, மக்கள் திருப்தியாக இருக்கிறார்கள். இங்கிலீஷில் வந்ததை நான் தமிழில் சொல்லச் சொல்ல மாமாவின் தலை கீழே போய்க்கொண்டே இருந்தது.

மெம்பரம்மா எழுந்தார். எழுதிக் கொடுத்த மூலக் கேள்விக்கு மேல் துணைக்கேள்விகள் இரண்டுதான் அவருக்கு. அந்தத் தெருவுக்குக் குடிதண்ணீர் எப்போதெல்லாம் வருகிறது என்று அமைச்சருக்குத் தெரியுமா என்றார் முதலில். அது மூலக் கேள்வியிலிருந்து எழவில்லை என்று அமைச்சர் ஒரே வரியில் உட்கார்ந்துவிட்டார். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். இரண்டாவது கேள்வியை நான் இன்றைக்கும் ஒரு வார்த்தை விடாமல் சொல்வேன்.

"அங்கே பச்சையம்மா என்று ஒருவர் இருக்கிறார். தூசிக்குப் புருஷனைக் கொடுத்தவர். உங்கள் அதிகாரிகள் அதைச் சுவாசிக்கக் கூடாதென்று, குடிக்க வைத்திருந்த தண்ணீரைத் தெருவில் தெளித்தவர். அவருக்கு இருந்த கவலை உங்களுக்கு இல்லையே, ஏன்? அந்த மேட்டை எந்தத் தேதியில் மூடுவீர்கள்?"

தன் பெயர் டிவியில் கேட்டதும் அம்மா எழுந்து நின்றுவிட்டாள். தலையை முந்தானையால் மூடிக்கொண்டு, கூப்பிட்டுவிட்டார்கள் என்பது போல. உட்காரு என்று நான் இழுத்தும் உட்காரவில்லை. சபையில் இந்தமுறை யாரும் சிரிக்கவில்லை. அமைச்சர் காகிதத்தை இப்படியும் அப்படியும் புரட்டினார், பரிசீலிக்கிறோம் என்றார். மெம்பரம்மா உட்காராமல் தேதி, தேதி என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நேரம் முடிந்ததென்று சபைத் தலைவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

"நாம கழுவுனது தப்பா?" என்று அம்மா கேட்டாள். தப்பு என்று கத்தத் தோன்றியது, இல்லை என்று கட்டிக்கொள்ளத் தோன்றியது. என் கோபம் அவர்கள்மேல் இல்லை என்று எனக்குப் புரிந்தபோது டிவியில் வேறு ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. ஈரத் தெருவைப் பார்த்துத் தூசியில்லை என்று எழுத ஒரு மனுஷன் எவ்வளவு படித்திருக்க வேண்டும்! அதை மைக் முன்னால் கூசாமல் வாசிக்க இன்னொரு மனுஷனுக்கு எவ்வளவு பெரிய பதவி வேண்டும்! இத்தனை வருஷம் கழித்தும் எனக்கு ஆறவில்லை. ஆற வேண்டும் என்றும் நான் நினைக்கவில்லை.

மெம்பரம்மாவின் பதவிக்காலம் அந்தக் கோடையிலேயே முடிந்தது. கட்சி மறுபடி அனுப்பவில்லை. இப்படிக் கேள்வி கேட்கிறவர்களை எந்தக் கட்சிக்குத்தான் பிடிக்கும். ஆடி பிறந்தது, காற்றும் வந்தது, மேடு திறந்துதான் கிடந்தது. பரிசீலனை என்ன ஆயிற்று என்று எழுந்து கேட்க அந்தச் சபையில் ஆளில்லை. அம்மா அந்த ஆடியைத் தாண்டவில்லை. மெம்பரம்மா பஸ்ஸில் வந்தார், காரில்லை, கூட்டமில்லை. அம்மாவின் கால்மாட்டில் உட்கார்ந்து, "தேதி வாங்க முடியலம்மா" என்றார் என்னிடம். அதற்கப்புறம் கன்னியப்பன் மாமாவும் போனார். லைனில் பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது, மீதி வீட்டுக்காரர்கள் என்னைப்போல விடியலில் ரயில் ஏறி இரவில் வந்து படுக்கிறவர்கள். மெம்பரம்மா காலமான செய்தி பேப்பரின் உள்பக்கத்தில் ஒரு மூலையில் வந்தது. படம்கூடப் போடவில்லை.

போன ஆடியில் காற்று மோசமாக இருந்தது. இப்போதிருக்கிற பார்லிமெண்ட் உறுப்பினரின் ஆபீசுக்குப் போன் செய்தேன். எடுத்த பையன் மரியாதையானவன், மேடம் மேடம் என்றான், ஆப் ஒன்று இருக்கிறது, அதில் புகாரைப் போடுங்கள் என்றான். மேட்டைப் படம் எடுத்துப் போட்டேன், என் சாப்பாட்டு மேஜையையும் படம் எடுத்துப் போட்டேன். ஒருத்தரும் வந்து பார்க்கவில்லை. மறுநாள் செய்தி வந்தது, உங்கள் குறை தீர்க்கப்பட்டது, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று. கீழே கருத்து எழுத ஒரு பெட்டி. யார் தீர்த்தீர்கள், எப்போது தீர்த்தீர்கள் என்று எழுதி அனுப்பப் பார்த்தேன், போகவில்லை. குறைந்தது ஒரு நட்சத்திரமாவது போட்டால்தான் ஏற்றுக்கொள்ளுமாம். திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டுக் கடைசியில் போட்டேன். என் அம்மாவைக் கொன்ற தூசிக்கு நான் ஒரு நட்சத்திரம் கொடுத்திருக்கிறேன்.