ஆயிரம் ஓம்

இணுவில் தபால் கந்தோரில் வேலை செய்யும் ஜெயனிக்கு நாற்பத்தொரு வயதில் எலெக்ட்ரோனிக்ஸ் பைத்தியம் பிடித்தது. வீடியோ பார்த்துப் பார்த்து, ஒரு பிஸ்கற் தகரப் பேணிக்குள் தானே வானொலி ஒன்றைக் கட்டினாள். அது வாயே திறக்கவில்லை. பற்றரியில் உயிர் இருக்கிறதா என்று நாக்கில் வைத்துப் பார்த்தாள். சுரீரென்றது. அதற்கு மேல் சோதிக்க அவளிடம் எதுவும் இல்லை.

"நாக்கை விட்டிட்டு ஒரு மீற்றர் வாங்குவம், வாரும்," என்றான் கணவன் லோஜன். நீர்வேலியில் வாழைத் தோட்டம் செய்பவன்.

யாழ்ப்பாணத்துக் கடையில் கடைக்காரர் சிமியோன் மூன்று மல்டிமீற்றர்களை எடுத்து வைத்தார். லோஜன் ஆகப் பெரியதைத் தூக்கினான்.

"உது வேண்டாமப்பா. வீட்டுக் கரண்டிலை கை வைக்கிறவைக்குத்தான் உது. என்ரை வேலை சின்னப் பற்றரியோடைதானே."

கைப்பையிலிருந்து ஆயிரம் ஓம் அளவுள்ள மின்தடையி ஒன்றை எடுத்து, ஆக மலிவான மீற்றரின் முனைகளை அதில் வைத்தாள். எண்ணூற்றிச் சொச்சம் காட்டியது. நடு விலை மீற்றரை எடுத்தாள்.

"எவ்வளவு காட்டுது? ஆயிரம் ஓமோ?" என்றார் சிமியோன்.

"ஓம்."

"ஒரு ஓமோ, ஆயிரம் ஓமோ?"

"ஓம் அண்ணை, ஆயிரம் ஓம்!"

ஆமென்கிற ஓமும் அளவின் ஓமும் சிக்கிக்கொண்டதில் மூவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அந்த மீற்றருக்கு இன்னொரு குணமும் இருந்தது. மின்சாரம் ஓடக்கூடிய எதைத் தொட்டாலும் 'பீ' என்று கத்தியது. லோஜன் முனைகளைப் பறித்துத் திறப்புக் கோர்வையில் வைத்தான். பீ. இடுப்புப் பட்டியின் கொக்கி. பீ. சிமியோனின் சாப்பாட்டுப் பெட்டி. பீ. மின்விசிறி திருத்தக் கொண்டுவந்திருந்த அம்மா ஒருவர் தானாகவே வளையல் கையை நீட்டினார். பீ!

"வாங்குறியளோ, விளையாடுறியளோ?"

"ரெண்டுந்தான் அண்ணை!"

வீட்டுக்கு வந்ததும் பேணியைத் திறந்து, ஒட்டு ஒட்டாகத் தொட்டுக்கொண்டு போனாள் ஜெயனி. ஓரிடத்தில் மீற்றர் கத்தவில்லை. பார்வைக்குப் பளபளப்பாக இருந்த ஈய ஒட்டு உள்ளே பிடிக்காமல் கிடந்தது. சூடு காட்டித் திரும்ப ஒட்டினாள்.

பேணி ஒருமுறை கரகரத்தது. பிறகு ஒருவர் நிதானமாகச் சந்தை விலை வாசிக்கத் தொடங்கினார்.

"கதைக்குதப்பா! கதைக்குது!"

கத்தரிக்காய்க்கு ஒரு சுற்று, வெண்டிக்காய்க்கு ஒரு சுற்று என்று குசினிக்குள் இருவரும் கைகோத்து ஆடினார்கள். கதலி வாழைப்பழ விலை இறங்கிவிட்டது என்று வந்த செய்திக்கும் லோஜன் நிறுத்தவில்லை.