இரண்டு மௌ

"எனக்குத் தெரியாது" என்ற ஒரு பதிலுக்காக என்னைப் பகைத்தவர் எங்கள் ஜனாஸா சங்கத்தின் செயலாளர். நானும் அவரைப் பகைத்தேன். அது இன்னும் பெரிதாகக் குறையவில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வாசிக்கிறவர்கள் அதைக் கழித்துக்கொண்டு வாசிக்கலாம்.

சாய்ந்தமருதில் கடலை ஒட்டிய மஹல்லா எங்களுடையது. வாப்பா கரைவலை இழுப்பவர். கையெழுத்து மட்டும் வைப்பார், வாசிக்கத் தெரியாது. நான் படித்து, நிரல் எழுதப் பழகிக்கொண்டு ஊருக்கு வந்ததும் முதன்முதலில் செய்துகொடுத்தது சங்கத்துக்கான ஒரு செயலி. யாராவது மௌத்தானால், அதாவது இறந்துபோனால், செயலாளரோ அவர் இல்லாதபோது உபசெயலாளரோ தன் கடவுச்சொல்லைப் போட்டு உள்ளே நுழைந்து செய்தியை எழுதுவார். மௌத்தானவர் யார், எந்தத் தொழுகைக்குப் பிறகு அடக்கம், யார் குழி வெட்டுவது என்பதெல்லாம் எல்லா உறுப்பினர்களின் போனுக்கும் போகும். குழி வெட்டுகிறவர்களில் வாப்பாவும் ஒருவர். சங்கக் கூட்டங்களில் அவர் வாயே திறப்பதில்லை. மையவாடியில் மட்டும், "இந்தப் பக்கம் மண் சரியும், பலகையக் குடு" என்று அவர் சொன்னால் படித்தவர்களும் கேட்பார்கள். ஊரில் அவருக்கென்று இருந்த இடம் அது ஒன்றுதான்.

செயலாளர் கல்முனையில் அச்சகம் வைத்திருக்கிறார். கல்யாணக் கார்டும் நோட்டீசும் தன் கையாலேயே தட்டெழுதிப் பெரியாளானவர், ஹஜ் செய்து ஹாஜியாரும் ஆனவர். கடவுச்சொல்லைத் தமிழில்தான் வைப்பேன் என்று பிடிவாதம் பிடித்தார். "இங்கிலீசுல வெச்சா படிச்ச பொடியனுகள் கண்டுபுடிச்சிருவானுகள்" என்றார் என் முகத்தைப் பார்த்து. தன் சம்மதமில்லாமல் அதை யாரும் மாற்றக்கூடாது என்றும் கேட்டுக்கொண்டார். இரண்டையும் செய்துகொடுத்தேன். அச்சகக் கணினியில் உட்கார்ந்து, திரையைத் தோளால் மறைத்துக்கொண்டு, அவரே தட்டெழுதி வைத்தார்.

மாரி மழையில் ஒரு நாள் இடி விழுந்து அந்தக் கணினி எரிந்துபோனது. அவர் புதிய போன் ஒன்றை வாங்கி அதில் நுழையப் பார்த்தார். கடவுச்சொல் பிழை என்றது செயலி. திரும்பத் திரும்ப அதையே சொன்னது.

"என்ட சொல்ல எடுத்துத் தா" என்று என்னைக் கூப்பிட்டார்.

"ஏலா ஹாஜியார். அது என்னட்ட இல்ல."

"செஞ்சது நீதானே?"

"ஓம். ஆனா சொல்ல அப்பிடியே வெக்கிறல்ல."

அன்றைக்குத் தொடங்கியது. புதிய சொல் வைப்போம் என்றேன். அதை அவர் பெரிய அவமானமாக எடுத்துக்கொண்டார். அதற்குக் காரணம் இருந்தது. ஒரு ஜனாஸாவுக்கு அஸருக்குப் பிறகு அடக்கம் என்று அறிவிக்க வேண்டியதை லுஹருக்குப் பிறகு என்று அறிவித்துவிட்டார் என்பதால், ஹாஜியாருக்கு மறதி வந்துவிட்டது, இறங்கட்டும் என்று ஒரு கூட்டம் கதைத்துக்கொண்டிருந்தது. இப்போது கடவுச்சொல்லும் மறந்துபோனது என்றால் கதை முடிந்தது. ஆகவே அவர் மறக்கவில்லை. நான்தான் மாற்றிவிட்டேன், அல்லது தெரிந்துகொண்டே மறைக்கிறேன். ஊருக்கு அவர் சொன்னது அதுதான்.

என்னால் உள்ளே போய்ப் புதிய சொல்லை வைத்திருக்க முடியாதா? தரவுக்குள் நேரே கை வைத்தால் முடியும். வைத்த அடுத்த நிமிடமே, "பாத்தீங்களா, சாவி அவன்ட கையிலதான் கிடந்தீக்கி" என்பார். அதனால் தொடவில்லை.

நிர்வாகத்தின் முன் விளக்கம் சொல்லக் கூப்பிட்டார்கள். பள்ளிவாசலின் பக்கத்து அறை. தலைவர், செயலாளர், இன்னும் நாலைந்து பேர். நான் ஆசையோடு விளக்கினேன். இப்போது நினைத்தால் அந்த ஆசையின் மேலேயே கோபம் வருகிறது. கடவுச்சொல்லை ஹாஷ் என்ற ஒரு கணக்குக்குள் போடுவோம். அது நீளமான ஒரு குறியாக வெளியே வரும். அந்தக் குறியை மட்டும்தான் சேமிப்போம். அடுத்த முறை நீங்கள் சொல்லைப் போடும்போது அதே கணக்கைத் திரும்பச் செய்து, குறி பொருந்துகிறதா என்று பார்ப்போம். குறியிலிருந்து சொல்லுக்குத் திரும்பிவர வழியில்லை.

நாவிதன்வெளிப் பக்கம் வயல் செய்யும் ஒருவர் மட்டும் தலையாட்டினார். "நெல்லக் குத்தி மாவாக்கின மாதிரி. மாவத் திரும்ப நெல்லாக்கேலாது. சரிதானே தம்பி?"

"ஓம் காக்கா, அதேதான்."

"மில்லுக்காரனுக்குத் தெரியுந்தானே யார்ட நெல்லெண்டு" என்றார் செயலாளர். எல்லாரும் சிரித்தார்கள். வயல்காரரும் சிரித்தார்.

"கிட்டத்தட்டச் சரியா போட்டாலும் திறக்காதா?" என்று தலைவர் கேட்டார்.

"ஒரு எழுத்து மாறினாலும் குறி முழுக்க மாறிடும். கிட்டத்தட்ட எண்டு ஒண்டு அதுக்குத் தெரியா."

எங்கள் ஊருக்கு அது புரியாது. என் பெயரே பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் இன்னொரு மாதிரி. இரண்டும் நான்தான் என்று எல்லா அலுவலகத்திலும் ஏற்றுக்கொள்கிறார்கள்.

"சத்தியம் பண்ணுவியா?" என்றார் செயலாளர்.

"வல்லாஹி, அந்தச் சொல் எனக்குத் தெரியாது."

"வல்லாஹியையும் கெம்பஸ்லதான் படிச்சு வந்தீக்கான்."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. யாரும் அவரைக் கண்டிக்கவும் இல்லை. வருகிற வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு ஊர்க்கூட்டம் என்றும், அதில் என் விடயத்தை எடுப்பது என்றும் முடிவானது. நான் செருப்பைப் போடும்போது செயலாளர் வாசலுக்கு வந்தார். "வாப்பாட்ட சொல்லு, இனிக் குழிக்கு வர வேணாமெண்டு. நம்பிக்கையில்லாத வீட்டு ஆள ஜனாஸாக்குப் பக்கத்துல விடேலா."

வீட்டில் சொன்னேன். வாப்பா வலைக்கயிற்றைப் பிரித்துக்கொண்டிருந்தவர், கையை நிறுத்தவில்லை. கயிற்றைப் பார்த்தபடியே கேட்டார்: "மகன், உனக்குத் தெரிஞ்சா சொல்லிடன்."

செயலாளரை நான் உண்மையாகவே பகைத்தது அந்தக் கேள்விக்குப் பிறகுதான். என் வாப்பாவின் வாயில் அதை வைத்தவர் அவர்.

ஜும்ஆவுக்கு முன் எதையாவது கண்டுபிடிக்க வேண்டும். என் நிரலை வரி வரியாகப் பார்த்தேன். தமிழில் 'கொ' என்பதைக் கணினிக்குள் இரண்டு விதமாக எழுதலாம்: ஒரே குறியாக ஒன்று, முன் கொம்பும் பின் காலும் தனித்தனியாக இன்னொன்று. கண்ணுக்கு ஒன்று, ஹாஷுக்கு வேறு வேறு. அது எனக்குத் தெரிந்ததுதான். இரண்டையும் ஒன்றாக்கிய பிறகே கணக்குக்குள் அனுப்பும்படி முன்பே எழுதியிருந்தேன். நிரல் சரியாக இருந்தது.

சலித்துப்போய், அதுவரை போன செய்திகளில் 'மௌத்து' என்று தேடினேன். எல்லாச் செய்தியிலும் இருக்கிற சொல். உபசெயலாளர் போனிலிருந்து அனுப்பியவை மட்டும் வந்தன. செயலாளர் அனுப்பியதில் ஒன்றுகூட வரவில்லை. திறந்து பார்த்தால் அவருடையவற்றிலும் மௌத்து, மௌத்து என்றுதான் இருந்தது. ஒன்றின் மேல் கர்சரை வைத்து எழுத்து எழுத்தாக அழித்துக்கொண்டு வந்தேன். மௌவின் வால் மட்டும் போய் 'மெ' மிஞ்சியது. சரியான மௌ என்றால் கொம்பும் வாலும் சேர்ந்தே போய் 'ம' மிஞ்ச வேண்டும்.

அச்சகக்காரரின் கை. பாமினி என்ற பழைய எழுத்துருவில் மௌ என்று எழுத, கொம்பு, ம, பிறகு ள தட்டுவார்கள். அதில் அந்த வாலுக்குத் தனிச் சாவி கிடையாது. ள தான் வால். கணினி மாறி, எழுத்துரு மாறி, எல்லாம் மாறியும் அவருடைய விரல் மாறவில்லை. அவர் தட்டுவது 'மெள'. போன் தருவது 'மௌ'. இதைச் சரிசெய்ய என் நிரலாலும் முடியாது. கொம்பு வைத்த எழுத்துக்குப் பின்னால் ள வந்தால் ஔ என்று கண்ணை மூடிக்கொண்டு மாற்றினால் வெள்ளிக்கிழமையும் கெளுத்தி மீனும் உடைந்துபோகும்.

காலையிலேயே அச்சகத்துக்குப் போனேன். எரிந்ததற்குப் பதிலாக முந்தின நாள்தான் புதிய கணினி வந்திருந்தது. ஸலாம் சொன்னேன். பதில் சொல்வது கடமை என்பதால் உதட்டை அசைத்தார்.

"உங்கட சொல்லுல மௌ, கௌ மாதிரி எழுத்து இரிக்கா?"

அவர் கண் சுருங்கியது. "அப்ப உனக்குத் தெரியும்."

"தெரியாது. அந்த எழுத்த மட்டும் இந்தக் கம்பியூட்டர்ல அடிங்க. வேற ஒண்டும் வேணாம்."

அடித்தார். கொம்பு, ம, ள. "இப்ப ஒருக்கா அழிங்க" என்றேன். 'மெ' நின்றது. "போன்லயும் அதே எழுத்தப் போடுங்க."

போனில் போட்டார். அவர் அழிப்பதற்கு முன்பே, விசைப்பலகைக்கு மேலே வரும் பட்டையில் போன் தானாக மீதியை எடுத்துக்கொடுத்தது. சரியாக இருக்கிறதா என்று பார்க்கத் தனக்குத் தானே செய்தி எழுதி எழுதிப் பழகியிருக்கிறார் போலும். அந்தச் சொல் இது: மௌத்துவரைநான்தான்.

பெருவிரலால் மறைத்தார். பிந்திவிட்டது.

செயலாளர் பதவியைத்தான் சொல்கிறார் என்பது எனக்கும் விளங்கியது, எனக்கு விளங்கியது அவருக்கும் விளங்கியது. இறங்கட்டும் என்று கதைப்பவர்களின் காதில் இது விழுந்தால் பள்ளிவாசல் வாசலில் கைகொட்டிச் சிரிப்பார்கள். அவர் அச்சகத்துக் கணினிக்குத் திரும்பி, தோளால் மறைத்து, பழைய விரலால் அடித்தார். செயலி திறந்தது.

"அப்ப நான் மறக்கல்ல" என்றார்.

"மறக்கல்ல. நானும் பொய் சொல்லல்ல."

அவர் செயலியை மூடப் போனார்.

"இப்பவே வேற சொல்லு மாத்துங்க ஹாஜியார். திரும்பவும் சத்தியம் பண்ணச் சொன்னா, தெரியாதெண்டு எனக்குப் பண்ண ஏல வேணும்."

நான் வெளியே போய் நின்றேன். அவர் மாற்றினார். ஆகவே இதை இங்கே எழுதுவதால் எந்தப் பூட்டும் திறக்காது.

ஜும்ஆ முடிந்து கூட்டம் கூடியது. செயலாளர் ஒலிவாங்கியை எடுத்தார். "கம்பியூட்டர்ல ஒரு எழுத்துச் சிக்கல். எனக்கும் மறதியில்ல, தம்பிலயும் குத்தமில்ல" என்றார். சொல்லும்போது என் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், அது திறக்கிறதா என்று. வல்லாஹிக்குக் கிடைக்காதது அந்த ஒரு சொல்லுக்குக் கிடைத்தது. நியாயத்தால் அல்ல, பயத்தால். நான் அதை வாங்கிக்கொண்டேன்.

"குழிக்கு ஆக்கள் பழைய மாதிரித்தான்" என்றும் சேர்த்தார். வாப்பா பின்வரிசையில் இருந்தார். தலையைக் குனிந்தபடியே இருந்தார்.

சில நாட்களில் எங்கள் பக்கத்துத் தெருவில் ஒரு மௌத்து. வாப்பாவின் போன் சத்தமிட்டது. நீட்டினார், வாசித்துச் சொன்னேன்.

"யார் அனுப்பின?"

"அவர்தான்."

"நீயும் வாவன் மகன்."

"நீங்க போங்க வாப்பா. நான் தொழுகைக்கு வாறன்."

மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, வழக்கத்தைவிட வேகமாகப் போனார். நான் செயலியைத் திறந்து 'மௌத்து' என்று தேடினேன். அந்தச் செய்தி வரவில்லை.