எடை கம்மியான ஜோடி

வெளிநாட்டில் வேலை பார்க்கும் அக்காக்கள் லீவுக்கு வரும்போது என்ன கொண்டுவருவார்கள் என்று ஆம்பூரில் எல்லோருக்கும் தெரியும். சாக்லேட், சென்ட், அம்மாவுக்கு ஸ்வெட்டர், தங்கைக்கு ஒரு கைப்பை. அந்தக் கைப்பை எங்கள் ஊர்த் தோலில் தைத்து அங்கே போனதாகவே இருக்கட்டுமே, சந்தோஷமாக வாங்கிக்கொள்வேன். என் அக்கா கிறிஸ்துமஸுக்கு முன்னால் நாலு கட்டைகளோடு வந்து இறங்கினாள். ஆட்டோவின் இரண்டு பக்கமும் அவை நீட்டிக்கொண்டிருந்ததைப் பார்க்கத் தெருவே வெளியில் வந்து நின்றது.

"இன்னாக்கா இது? கட்டில் கால கழட்டி எடுத்துனு வந்திருக்கியா?" என்றேன்.

"ஸ்கீ" என்றாள். "ஏய், தொடாத. கை கழுவிட்டு வா."

எனக்கு வந்ததே கோபம்! காலையிலிருந்து வீட்டைப் பெருக்கித் துடைத்து, பிரியாணி வாங்கி மூடி வைத்து, பசியோடு காத்துக்கொண்டிருந்தவள் நான். அன்று சாயங்காலம் வரை அவளோடு பேசவில்லை. அவள் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

அக்கா வேலூரில் நர்ஸ் படிப்பை முடித்து, தொண்ணூறுகளின் கடைசியில் சுவிட்சர்லாந்துக்குப் போனவள். மலைகளுக்கு நடுவே ஒரு சின்ன ஊர், அதில் ஓர் ஆஸ்பத்திரி. முதல் குளிர்காலத்தில் போன் பண்ணும்போதெல்லாம் அழுதாள். அடுத்த குளிர்காலத்தில் வார்டுத் தோழிகள் பனிச்சரிவுக்குக் கூட்டிக்கொண்டு போக, அழுகை நின்றது. காலுக்கு ஒன்றாக நீள ஸ்கீ மாட்டிக்கொண்டு சறுக்குவது அவளுக்கு ஒத்துவரவில்லை. "ரெண்டு காலும் ரெண்டு ஊருக்குப் போவுதுடி" என்றாள். இரண்டு காலையும் ஒரே அகலப் பலகையில் கட்டிக்கொண்டு பக்கவாட்டில் நின்று இறங்கும் ஸ்னோபோர்டு வந்தது. நன்றாகவே வந்தது. ஆம்பூர் வெயிலில் முப்பது கிறிஸ்துமஸ் பார்த்தவள், சைக்கிள்கூட ஓட்டத் தெரியாதவள், பனியில் பறக்கிறாள் என்றால் நாங்கள் எப்படி நம்புவது? போட்டோ அனுப்பினாள். அப்பா அதைச் சர்ச்சுக்கு எடுத்துக்கொண்டு போய்க் காட்டினார்.

ஸ்னோபோர்டில் ஒரு குறை. அதில் இறங்கத்தான் முடியும், ஏற முடியாது. அக்காவுக்கோ ஏறியே ஆகவேண்டும். அந்த ஊரில் மலையில் அடிபட்டுக் கிடப்பவர்களைத் தேடிப் போகும் ஒரு குழு இருந்தது. வானிலை மோசமாகி ஹெலிகாப்டர் பறக்க முடியாத நாட்களில் அவர்கள் ஸ்கீயிலேயே மேலே ஏறுவார்கள். கூடவே ஒரு நர்ஸ் வேண்டும். அக்கா கேட்டாள். ஏறிக் காட்டு என்றார்கள். முந்தின வருஷம் பனியில் நடப்பதற்கான வட்டமான சட்டங்களைக் காலில் கட்டிக்கொண்டு, ஸ்னோபோர்டை முதுகில் சுமந்து ஏறினாள். எல்லோரும் உச்சிக்குப் போய்க் காபி குடித்து முடித்த பிறகு போய்ச் சேர்ந்தாள். குழுத் தலைவர் நல்ல மனிதர்தான். "நீங்கள் வார்டில் இருந்தாலே எங்களுக்குப் பெரிய உதவி" என்றாராம். அதைச் சொல்லும்போது அக்காவின் மூக்கு சிவந்தது.

"வார்டுல இருக்கணுமாம்! கால் ஒடஞ்சவன் மேல கெடக்கிறான், நான் கீழ கட்டுத்துணி மடிச்சினு இருக்கணுமா?"

இந்தத் தடவை அவள் குட்டை ஸ்கீயில் ஏறப்போகிறாள். ஸ்னோபோர்டுக்காரர்கள் ஏறுவதற்காகவே செய்தது அது. அடியில் ஒரு முடிப்பட்டை ஒட்டியிருக்கும். முடி எல்லாம் பின்பக்கமாகப் படிந்திருப்பதால் முன்னே தள்ளினால் வழுக்கும், பின்னே சரிந்தால் பிடித்துக்கொள்ளும். உச்சிக்குப் போனதும் ஸ்கீயைக் கழற்றி முதுகில் கட்டிக்கொண்டு, ஸ்னோபோர்டில் இறங்கிவிடலாம். அவளிடம் இரண்டு ஜோடி இருந்தது. ஒன்று கொஞ்சம் நீளம், அகலம், நல்ல கனம். இன்னொன்று குட்டை, மெலிசு. கடைக்காரர் தெரிந்தவர் என்பதால், இரண்டையும் கொண்டுபோ, ஒன்றை வைத்துக்கொண்டு இன்னொன்றைத் திருப்பிக் கொடு என்று சொல்லியிருக்கிறார். லீவு முடிந்து அவள் போய் இறங்குவது ஒரு சனிக்கிழமை ராத்திரி. மறுநாள் விடியற்காலையில் ஏற்றம். இந்தத் தடவையும் பின்தங்கினால் மறுபடி கூப்பிடமாட்டார்கள்.

கட்டைகளை ஆம்பூர் வரை சுமந்து வந்ததற்குக் காரணம் நான்தானாம். ஸ்கீயைப் பூட்ஸோடு சேர்த்துக் கட்டும் வார்கள் எல்லாம் ஆம்பளைக் காலுக்கு வெட்டியவை. அவள் பூட்ஸின் மேல் அவை தொளதொளவென்று கிடந்தன. நான் ஷூ கம்பெனியில் சாம்பிள் செக்‌ஷனில் இருக்கிறேன், வாரைக் குறுக்கித் தைப்பது எனக்கு ஒரு வேலையே இல்லை. ஆனால் எந்த ஜோடிக்குத் தைப்பது? வீட்டில் சண்டை அங்கேதான் ஆரம்பமானது.

அப்பா தோல் பதனிடும் டேனரியில், தோல் ஊறும் சுண்ணாம்புத் தொட்டிப் பக்கமே வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். செருப்பின் அடித்தோலை எடை போட்டு விற்கும் ஊர் இது. எதைக் கையில் கொடுத்தாலும் தூக்கிப் பார்த்துத்தான் தரம் சொல்வார், கத்தரிக்காயைக்கூட. இரண்டு ஜோடியையும் தூக்கிப் பார்த்தார். கனமானதைத் தட்டிக்கொடுத்தார்.

"இதான் பொருளு. கையில நிக்குது பாரு. அது இன்னாது, அப்பளம் மாதிரி?"

"அங்க எல்லாரும் அதான்பா சொல்றாங்க" என்றாள் அக்கா. "சின்னது பனியில பொதைஞ்சிடுமாம்."

"சொல்றவங்க யாரு?" என்று கேட்டேன். பேசாமல் இருக்கவேண்டும் என்று நினைத்திருந்தேன், வாய் சும்மா இருக்கவில்லை. "ஒவ்வொருத்தரும் பீரோ மாதிரி இருப்பாங்க. நீ ஒரு முருங்கக்கா. உன்ன சுமக்க அவ்ளோ பெரிய கட்டை எதுக்கு?"

அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். எழுந்து வலது காலில் கனமானதையும் இடது காலில் மெலிசானதையும் கட்டிக்கொண்டாள். டிவியில் அம்மாவின் சீரியல் ஓடிக்கொண்டிருந்தது. அதன் முன்னால் நின்று நின்ற இடத்திலேயே கால் மாற்றி மாற்றித் தூக்கினாள்.

"ஐயோ, மறைக்காதடி!" என்றாள் அம்மா.

சீரியலில் மாமியார் மருமகளை வீட்டைவிட்டுத் துரத்துவதற்குள் வலது கால் தரையைத் தேய்க்க ஆரம்பித்துவிட்டது. இடது கால் தன்பாட்டுக்கு ஏறி இறங்கியது. அக்கா வேர்த்து விறுவிறுத்து நின்று, இடது காலைக் காட்டி, "இதுக்குத் தைடி" என்றாள். ஊரெல்லாம் ஒன்று சொல்ல, தன் காலைக் கேட்டு முடிவெடுத்தாள். அந்த நிமிஷத்தில் என் கோபமெல்லாம் போய்விட்டது. கைப்பை கொண்டுவராததைக்கூட மன்னித்துவிட்டேன்.

நான் வாரைத் தைத்து முடித்துக் கம்பெனியிலிருந்து வந்த அன்று வீட்டில் சத்தமே இல்லை. அம்மா சமையலறையில் நின்றுகொண்டு உள்ளே போகும்படி கண்ணைக் காட்டினாள். கூடத்தில் அக்கா தரையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் அந்த மெலிசான ஜோடி. அடிப்பக்கம் மழமழவென்று மின்னியது. ஒரு முடி இல்லை.

அப்பா சுவரோரமாக நின்றிருந்தார். அக்கா மத்தியானம் தூங்கும்போது, மகளுக்கு ஒரு உதவியாக இருக்கட்டுமே என்று வேலையை முடித்து வைத்திருக்கிறார். முடிப்பட்டையைப் பற்றி அவள் எங்களிடம் சொன்னபோது அவர் சர்ச் கமிட்டிக்குப் போயிருந்தார். ஆயுசு முழுக்கத் தோலில் முடி இருந்தால் வேலை பாக்கி என்றுதான் அவருக்கு அர்த்தம். பரணிலிருந்து, டேனரியில் முடி வழித்த பழைய கத்தியை எடுத்து, தீட்டி, சீராக வழித்து, எண்ணெய்கூடப் போட்டுவிட்டிருக்கிறார். வேலை என்று பார்த்தால் குறையே சொல்ல முடியாது.

"பொருளு முடியாம வந்திருக்குதுன்னு நெனச்சேன்மா" என்றார். அப்பா அவ்வளவு சின்னக் குரலில் பேசி நான் கேட்டதில்லை.

நானாக இருந்தால் வீட்டை இரண்டாக்கியிருப்பேன். அக்காவின் கண்ணில் தண்ணீர் வந்தது, வடிந்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டாள். திட்டவில்லை.

"அதான் இந்த ஜோடி இருக்குதேம்மா" என்று அப்பா கனமானதைக் கையில் எடுத்தார். "இதுல முடி இருக்குது."

"வேணாம்பா. அத போட்டா நான் லேட்டாதான் போவேன். லேட்டா போறதுக்கு நான் வார்டுலயே இருந்துடலாம். அந்தப் பட்டைய பிச்சி இதுல ஒட்டவும் முடியாது, கடைக்காரருக்கு அப்படியே திருப்பிக் குடுக்கணும்" என்றாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள்: "இந்த ஊர்ல முடி இருக்கிற தோலே கெடைக்காதா?"

நான் சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். அப்பாவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

அப்பாவின் பழைய தோஸ்த் ஒரு பாய், டேனரி குடோன் மேஸ்திரி. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் மூன்று பேரும் அங்கே போனோம். முடியோடு பதம் செய்த ஆட்டுத்தோல்களை அவர் விரித்துப் போட்டார். எல்லாம் தரையில் விரிக்கும் மிதியடிக்காகப் போகிறவை. அக்கா ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். வெள்ளை நீள முடியை ஒதுக்கினாள். வயிற்றுப் பக்கம் பூப்போல் இருந்தது, அதையும் ஒதுக்கினாள். முதுகெலும்பை ஒட்டி முடி குட்டையாக, முரட்டுத்தனமாக, ஒரே திசையில் படிந்திருந்த ஒரு காவி நிறத் தோலில் கை நின்றது. கழுத்திலிருந்து வால்பக்கம் தடவினால் பட்டு, எதிரே தடவினால் கையைக் கடிக்கும்.

"கழுத்துப் பக்கம் முன்னாடி வர்ற மாதிரியா?" என்று அப்பா தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"ஆமாப்பா. ஆடு எந்தப் பக்கம் நடக்குமோ அந்தப் பக்கம்."

பாய் தலையை ஆட்டினார். "இன்னாம்மா இது, ஆட்ட கால்ல கட்டினு மலை ஏறப்போறியா?"

பட்டையை நான் வெட்டினேன். ஷூவுக்கு அடி ஒட்டும் பசையால் ஒட்டி, ஓரத்தை ஆணி அடித்து இறுக்கினேன். தோல் தண்ணீர் குடிக்காமலிருக்க அப்பா பின்பக்கத்தில் மெழுகு தேய்த்தார். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, "இந்தத் தடவை முடிமேல கைய வெக்காதப்பா" என்றாள். அப்போதுதான் அவர் முகத்தில் கொஞ்சம் சிரிப்பு வந்தது.

ஏறிப் பார்க்க எங்கே போவது? எங்கள் ஊரில் பனி ஏது? பாய்தான் குடோன் பின்புறத்துக்குக் கூட்டிப்போனார். பச்சைத் தோல் கெடாமலிருக்க உப்பு போட்டு வைப்பார்கள். தோலை உதறிக் கொட்டிய உப்பு அங்கே அழுக்கு வெள்ளையாக, ஓலைக்கூரை உயரத்துக்குக் குவிந்து கிடந்தது. நாற்றம் குடலைப் பிடுங்கியது. அக்கா சுடிதாரை முழங்காலுக்குச் சுருட்டி, பனி பூட்ஸை மாட்டி, குட்டை ஸ்கீயைக் கட்டிக்கொண்டாள். முதுகில் ஸ்னோபோர்டுக்குப் பதிலாகக் கனமான ஜோடியைக் கட்டச் சொன்னாள். அது அதற்காவது பயன்பட்டது.

ஒரு காலைத் தள்ளினாள். வழுக்கிக்கொண்டு மேலே போனது. எடையை வைத்தாள். உப்பு நறநறத்தது, ஸ்கீ நின்றது. அடுத்த கால். அதுவும் நின்றது. வெயிலில் முகம் கறுத்து, உதட்டைக் கடித்துக்கொண்டு, சரிவில் குறுக்கும் நெடுக்குமாக வளைந்து வளைந்து ஏறி, குவியலின் உச்சியில் போய் நின்று இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள். எங்கள் குடும்பத்தில் யாரும் இப்படி ஒரு இடத்தில் நின்றதில்லை. பாய் கை தட்டினார். இவள் என் அக்கா என்று அந்தத் தோல் குடோன் அதிரக் கத்தவேண்டும்போல் இருந்தது.

அவள் போன மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சாயங்காலம் போன் வரும்வரை அம்மா பைபிளை மூடவில்லை. அப்பா வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்தார். மணி அடித்ததும் நான்தான் ஓடிப்போய் எடுத்தேன்.

"சேத்துக்கினாங்கடி!" என்று அக்கா கத்தினாள். "குழுவுல என்னையும் சேத்துக்கினாங்க!"

பாதி முடி வழியிலேயே உதிர்ந்துவிட்டதாம். மீதிப் பாதி அவளை மேலே கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டது. தலைவர் உச்சியில் அந்தக் காவிப் பட்டையைத் தடவிப் பார்த்து யார் செய்தது என்று கேட்டாராம். எங்கள் அப்பா என்று சொன்னாளாம். நான் ஒட்டியதை, நான் ஆணி அடித்ததை! போகட்டும்.

அப்பா ரிசீவரை வாங்கினார்.

"கடைசியா போய்ச் சேந்தியாம்மா?" என்று கேட்டார்.

நான் காதை ஒட்டிக்கொண்டு நின்றேன். "இல்லப்பா. எனக்குப் பின்னாடி ரெண்டு பேர் வந்தாங்க."

"ஆம்பளைங்களா?"

"ஆமாப்பா."

அப்பா ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "அவங்க கட்டை கனமாம்மா?"

"ரொம்பக் கனம்பா" என்றாள் அக்கா.

அப்பா ரிசீவரை என்னிடம் கொடுத்துவிட்டு, முகம் கழுவப் பின்பக்கம் போனார்.