மேடையில் மூடிய கை

முதல் புருஷன் செத்தபோது என் பெரியம்மாவுக்குச் சின்ன வயது. அப்பன் வீட்டுப் பின்கட்டில் முடங்கிக் கிடந்தவளை வெளியே அழைத்து வந்து மறுமணம் செய்துவைத்தவர் சாமி. காவி கட்டிய சீர்திருத்தக்காரர். விதவைக்கும் வாழ்வு உண்டு, சாஸ்திரமே சொல்கிறது என்று ஊர் ஊராகப் பேசியவர். அதற்காகக் கல்லடியும் பட்டவர். அதையெல்லாம் நான் மறுக்கவில்லை. மாப்பிள்ளையைத்தான் அவர் சரியாகப் பார்க்கவில்லை.

அவன் சாமியின் அச்சகத்தில் எழுத்துக் கோர்க்கிறவன். ‘விதவையை மணந்த வீரர்’ என்று கூட்டத்துக்குக் கூட்டம் மாலை போட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் மாலையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுத்தான் அடிப்பான். அவ்வளவு மரியாதை தெரிந்தவன்.

பெரியம்மா தையல்கடைச் சட்டைகளுக்குக் காஜா எடுப்பாள். ஒருநாள் அவளுடைய வலது கை விரலைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தினான்.

நேராகச் சாமியிடம் போனாள். “என்னைப் பிரிச்சு விட்டுடுங்க சாமி.”

சாமி விரலைப் பார்த்து அழுதாராம். நடிப்பில்லை, நிஜமாகவே அழுதாராம். அழுது முடித்துவிட்டுச் சொன்னார்: “நான் பண்ணிவச்ச முதல் கல்யாணம் உன்னோடதும்மா. நீ பிரிஞ்சா இனி ஒருத்தனும் தன் பொண்ணை அனுப்ப மாட்டான். நாளைக்குக் கூட்டத்துல கையை முந்தானைக்குள்ள வச்சுக்கோ.”

வைத்துக்கொண்டாள். மேடை ஏறிய ஒவ்வொரு தடவையும் வைத்துக்கொண்டாள். விரல் கோணிப்போய்க் காஜா வேலையும் போனது. அவளைப் பார்த்துத் தைரியம் வந்து எத்தனையோ பெண்கள் கல்யாணம் செய்துகொண்டார்கள், சிலர் நன்றாகவே வாழ்ந்தார்கள். அத்தனை பேர் வாழ்வுக்கும் இவள்தான் நசுங்க வேண்டுமா என்று கேட்டால் எனக்கு வாய்க்கொழுப்பு என்பார்கள். இருக்கட்டும், கேட்கிறேன்.

சாமி போனார். மன்றம் கட்டி, அவர் படத்துக்குக் கீழே இவள் கல்யாணப் படத்தை மாட்டினார்கள். ஒருவழியாக அந்த ‘வீரரும்’ போய்ச் சேர்ந்தார். புருஷனைப் பறிகொடுத்த நான் அவளோடு வந்து ஒட்டிக்கொண்டேன். இருவரும் நிம்மதியாகத் தூங்கினோம்.

மன்றத்துச் செயலாளர் வாசலில் வந்து நின்றான்.

“அம்மா, சாமியோட நூற்றாண்டு விழா வருது. உங்களுக்கு இன்னொரு மாப்பிள்ளை பாத்திருக்கோம். மேடையிலேயே முடிச்சிடலாம்.”

“அடிப்பானா?” என்றாள் பெரியம்மா.

“அதெல்லாம் விசாரிக்கலம்மா. ஆனா கொள்கையில ரொம்ப உறுதியானவர்.”

அவன் பார்வை என் பக்கம் திரும்பியது. “தங்கச்சியும் தனியாத்தான் இருக்காங்களா?” என்று கேட்டபடி ஒரு காலை உள்ளே வைத்தான்.

பெரியம்மா முந்தானைக்குள்ளிருந்து அந்தக் கோணல் விரல் கையை வெளியே எடுத்தாள். கதவைப் பிடித்து ஓங்கிச் சாத்தினாள். அவன் கால் இன்னும் உள்ளேதான் இருந்தது.