கல்லுமூஞ்சியின் வானியல்

எக்ஸ்ரே அறையில் அவள் பேசுவது மொத்தம் மூன்றே வாக்கியங்கள். “மூச்ச நல்லா இழுங்க.” “அப்படியே பிடிங்க.” “விடுங்க.” நான்காவதாக ஒன்று உண்டு, ஆனால் அது கேட்டால்தான் வரும். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, ஏதோ பஸ் நேரம் விசாரிப்பதுபோல எல்லோரும் கேட்கத்தான் செய்வார்கள்.

“ஏம்மா, ஏதாவது தெரியுதா?”

“டாக்டர் சொல்வாரு.”

இது அவளுடைய பிடிவாதம் இல்லை, தொழிலின் சட்டம். படம் எடுப்பவர் வேறு, பார்த்துச் சொல்பவர் வேறு. வேடிக்கை என்னவென்றால், ஒருவருடைய நெஞ்சுக்குள் இருப்பதை உலகத்திலேயே முதலில் பார்ப்பவள் அவள்தான். பார்த்த மறுநொடி, பார்க்காதவள்போல நடந்துகொள்ள வேண்டும். வாயைக் கட்டுவது சுலபம். முகத்தைக் கட்டுவதுதான் பெரும்பாடு. ஒரு புருவம் கொஞ்சம் ஏறினால் போதும், கட்டிலில் கிடப்பவர் மனதுக்குள் உயில் எழுதத் தொடங்கிவிடுவார். ஆகவே அவள் முகத்தையும் கட்டினாள். வருஷக்கணக்கில் கட்டியதில் அது அவிழ்க்க முடியாத முடிச்சாகிவிட்டது. ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர் அவளுக்குக் ‘கல்லுமூஞ்சி’ என்று பெயர் வைத்தார். மறைவில் இல்லை, நேரிலேயே கூப்பிடுவார். அவளும் “என்னண்ணே?” என்று திரும்பிப் பார்ப்பாள். அதுவரை அவள் வாங்கியிருந்த ஒரே பட்டம் அதுதான்.

கல்லூரிப் பட்டம் பாதியில் நின்றுபோயிருந்தது. கடைசி ஆண்டில் அப்பா படுத்த படுக்கையாகிவிட்டதால், சீக்கிரம் சம்பளம் வரும் எக்ஸ்ரே பயிற்சிக்குப் போய்விட்டாள். மற்ற எல்லாப் பாடங்களிலும் தேறியாகிவிட்டது. அறிவியல் பாடம் ஒன்றே ஒன்று பாக்கி. யானை போய் வால் மாட்டிக்கொண்ட கதை. அந்த வாலைப் பற்றி அவளும் மறந்திருந்தாள், கல்லூரியும் மறந்திருந்தது. பிறகு திடீரென்று கல்லூரிக்கு நினைவு வந்து ஓர் அறிவிப்பு வெளியிட்டது: விட்டுப்போனவர்கள் இந்த ஆண்டு முடித்துக்கொள்ளலாம், இந்த ஆண்டும் தேறாவிட்டால் முன்பு தேறிய பாடங்களும் செல்லாது.

“இப்ப எதுக்கு இது? வேலை இருக்கு, பென்ஷன் வரும், போதாததுக்கு நானும் இருக்கேன்” என்றார் அவளுடைய கணவர்.

“சும்மாதான்.”

“உன் ‘சும்மா’வுக்கு அர்த்தம் கண்டுபிடிக்கவே தனியா ஒரு பட்டம் வாங்கணும்.”

அவர் பஸ் நடத்துநர். காலையிலிருந்து இரவுவரை வாயால் வேலை செய்கிறவர். உள்ளே போங்க, தள்ளி நில்லுங்க, சில்லறை குடுங்க, அம்மா அந்தக் குழந்தையோட கையை உள்ளே இழுங்க. கண்ணில் பட்டதெல்லாம் அவர் வாயில் வந்துவிடும். பேசாதவளுக்கும் பேசுவதை நிறுத்தாதவருக்கும் எப்படிக் கல்யாணம் ஆனது என்று வியந்தவர்கள் உண்டு. ஒரு வீட்டில் இரண்டு வானொலி எதற்கு என்பது அவருடைய பதில்.

மூன்று பாடங்களில் ஒன்றை எடுக்கலாம். தாவரவியல் வகுப்பு அவளுடைய காலை ஷிப்டோடு மோதியது. வேதியியலில், எக்ஸ்ரே படத்தை மருந்தில் கழுவிய காலத்து நெடி இன்னும் மூக்கில் இருந்தது. மிஞ்சியது வானியல்: நட்சத்திரங்கள், கேலக்சிகள், பிரபஞ்சம் ஓர் அறிமுகம். வகுப்பு மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம். நட்சத்திரங்களைப் பற்றிய பாடத்தை, வானத்தில் ஒரே ஒரு நட்சத்திரம் மட்டும், அதுவும் மண்டையைப் பிளந்துகொண்டு, தெரிகிற நேரத்தில் வைத்திருந்தார்கள்.

ஆசிரியை அவளைவிட இளையவர். வகுப்பில் அவருக்கு ‘ஒளியாண்டு மேடம்’ என்று பெயர். பெயர்க்காரணத்தை முதல் வாரமே சொன்னவள் பக்கத்தில் உட்கார்ந்த செருப்புக் கடைப் பெண்: “தொலைவு ஜாஸ்தின்னு இல்லக்கா. அவங்க திருத்தின பேப்பர் அங்கேருந்து கிளம்பி நம்ம கைக்கு வந்து சேர்றதுக்குள்ள, நமக்குப் பேரன் பேத்தி பொறந்துரும்.”

அதே பெண்தான், சிவப்பு நட்சத்திரத்தைவிட நீல நட்சத்திரத்துக்குச் சூடு அதிகம் என்று மேடம் சொன்னபோது, கவலையோடு கையைத் தூக்கினாள். “அப்போ எல்லார் வீட்டுக் குளியலறையிலயும் குழாய்க்குத் தப்பா கலர் போட்டிருக்காங்களா மேடம்?”

“குழாய் சரிதான். நட்சத்திரத்துல மட்டும் கையை வைக்காதீங்க.”

அவளுக்குப் பாடம் பிடித்துப்போனது. ஈயக் கவசத்தை மாட்டும்போதும் கழற்றும்போதும் அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். கண்ணில் படும் ஒவ்வொரு நட்சத்திரமும் பழைய சேதி என்பது அவளுக்கு ஏனோ ஆறுதலாக இருந்தது. அந்த ஒளி எப்போதோ கிளம்பியது. அங்கே நடந்ததெல்லாம் நடந்து முடிந்துவிட்டது. இனி யாரும் ஃபைலைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதில்லை.

எழுத்துத் தேர்வு அவளுக்கு அல்வா. சிக்கல் வாய்மொழித் தேர்வில் இருந்தது. மேடம் சுவரில் ஒரு படத்தைக் காட்டுவார். என்ன தெரிகிறது, அதற்கு என்ன அர்த்தம் என்று மாணவர் வாயால் சொல்ல வேண்டும். பாதி மதிப்பெண் அதற்கு.

முதல் தேர்வில் அவள் முறை வந்தபோது சுவரில் விரிந்தது ஒரு சுருள் கேலக்சி. அவள் எல்லாவற்றையும் பார்த்தாள். நடுவில் மஞ்சளாக ஒரு திரட்சி, அதிலிருந்து சுழன்று வரும் கைகள், ஓரத்தில் நீலப் புள்ளிகள், கீழே ஒரு மங்கலான திட்டு.

“என்ன தெரியுது?” என்றார் மேடம்.

அவள் முகம் தானாகவே கல்லாயிற்று. “மேடம் சொல்லிட்டா நல்லாயிருக்கும்.”

வகுப்பு சிரித்தது. “நான் சொல்லத்தான் போறேன். முதல்ல நீங்க.”

அவள் கண் அந்த மங்கலான திட்டிலேயே நின்றது.

“ஏதாவது ஒண்ணு?”

“குறிப்பா ஒண்ணுமில்ல.”

அவள் தொழிலில், ஒரு மனிதன் கேட்கக்கூடிய சொற்களிலேயே இனிமையானது அது. ஆனால் குறிப்பாக ஒன்றுமில்லை என்று அவள் சொன்ன இடத்தில் பத்தாயிரம் கோடிச் சூரியன்கள் எரிந்துகொண்டிருந்தன. மேடம் முட்டை போட்டார். வகுப்பு முடிந்ததும் தனியே கூப்பிட்டார்.

“தாள்ல அழகா எழுதறீங்க. ஆனா கடைசி வைவால பாதி மார்க்காவது வாங்கலேன்னா தேற முடியாது. உங்க முகத்துக்கு நான் மார்க் போட முடியாதுங்க. வாயைத் திறக்கணும்.”

அன்று சாயங்காலம் பாத்திரம் கழுவும் இடத்தில் கணவரிடம் சொன்னாள். அவள் கழுவித் தர, அவர் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார். ‘குறிப்பா ஒண்ணுமில்ல’ என்ற இடத்தில் அவர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு சிரிப்பு தானாக நின்றது.

“எனக்கு இது புதுசில்லையே” என்றார்.

போன வருஷம் அவருக்கு இருமல் விடாமல் இருந்தபோது, நெஞ்சைப் படம் எடுத்தவள் அவள்தான். வலப்பக்கம் ஒரு நிழல் தெரிந்தது. பொத்தானைப் போட்டுக்கொண்டே அவரும் கேட்டார். அவளும் சொன்னாள், “டாக்டர் சொல்வாரு.” டாக்டர் ஊரில் இல்லை. மறுநாள் வந்து பார்த்து, சின்ன வயதில் வந்து ஆறிப்போன தழும்பு, பயமில்லை என்றார்.

“அன்னிக்கு ராத்திரி நீயும் தூங்கல, நானும் தூங்கல. ரெண்டு பேரும் தூங்கற மாதிரி நடிச்சோம். நல்லாவே நடிச்சோம்.”

“அது ரூல்ஸுங்க.”

“ரூல்ஸ் எனக்குத் தெரியாதா? டிக்கெட் இல்லாம உன்னையே நான் ஏத்தினதில்ல. கோபம் அதுல இல்ல. ஒரே கட்டில்ல படுத்துக்கிட்டு தனித்தனியா பயந்தோம் பாரு, அதான்.”

அவள் கழுவின தட்டையே மறுபடி கழுவினாள். “நான் தப்பா சொல்லியிருந்தா?”

“என்ன போச்சு? சேர்ந்து தப்பா பயந்திருப்போம்.”

அவள் தட்டை அவரிடம் நீட்டினாள். அடுத்த விடுமுறை நாளில் அவர் ஜன்னலோரம் இரண்டு நாற்காலிகளைப் போட்டு, பயிற்சியைத் தொடங்கிவிட்டார்.

“அங்க என்ன தெரியுது?”

“ஒரு ஆளு.”

“ஆளுன்னா? இந்தத் தெருவுல எல்லாரும் ஆளுதான். சொல்லு.”

“…கால்சட்டை ஒரு பக்கம் மடிச்சிருக்கு. இன்னொரு பக்கம் மடிக்கல.”

“அது! அப்படின்னா என்ன அர்த்தம்?”

“எனக்கெப்படித் தெரியும்?”

“அடிச்சு விடு. அவரு வந்து கேஸா போடப்போறாரு?”

“சைக்கிள்ல வந்தவரு. சைக்கிளை எங்கயோ விட்டுட்டு, அதை மறந்துட்டு நடந்து போறாரு.”

அவர் தொடையில் தட்டிச் சிரித்தார். எதிர்வீட்டுக்காரி துணி உலர்த்திக்கொண்டே குரல் கொடுத்தாள்: “என்னடி, மருத்துவமனையில எடுக்கறது போதாதுன்னு தெருவையே எக்ஸ்ரே எடுக்கறீங்களா ரெண்டு பேரும்?”

கடைசி வாய்மொழித் தேர்வுக்கு ஒவ்வொருவராக ஓர் அறைக்குள் போக வேண்டியிருந்தது. வெளியே கொளுத்தும் வெயில்; உள்ளே திரையை இழுத்துவிட்டு இருட்டாக்கியிருந்தார்கள். இருட்டு அவளுக்குப் பழகியது. சுவரில் படம் வந்தது. வழக்கப்படி கண் கதவுப் பக்கம் போனது. மருத்துவமனையில் அங்கேதான் நோயாளியின் உறவுக்காரர்கள் நிற்பார்கள். இங்கே கதவுக்கு வெளியே செருப்புக் கடைப் பெண் மட்டும் எதையோ முணுமுணுத்து மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். வேறு யாரும் காத்திருக்கவில்லை.

“என்ன தெரியுது?” என்றார் மேடம்.

அவள் மூச்சை இழுத்தாள். பிடித்தாள். விட்டாள்.

“நீளமா, வெள்ளையா ஒண்ணு. ரெண்டு முனையும் கூர்மை. நடுவுல லேசாப் புடைச்சிருக்கு. நீளவாட்டுல ஒரு கறுப்புக் கோடு ஓடுது. ஓரம் சீரா இல்ல, பிசிறு பிசிறா இருக்கு.”

மேடம் நிமிர்ந்து உட்கார்ந்தார். “சரி. இதுக்கு என்ன அர்த்தம்?”

“முறிஞ்சிருக்கு.”

“எது?”

“நடுவுல விரிசல், முனைக்கு முனை. ஆனா ரெண்டு பாதியும் விலகல. அசையாம வெச்சிருந்தா கூடிரும்.”

மேடம் கொஞ்ச நேரம் படத்தைப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். “ஐயோ, மன்னிச்சிருங்க. நிஜமாவே மன்னிச்சிருங்க.”

“தப்பா மேடம்?”

“தப்புதான். கொஞ்சநஞ்சமில்ல, முழுத் தப்பு. அது ஒரு கேலக்சி. பக்கவாட்டுல பார்க்கறோம், தட்டைக் கண்ணுக்கு நேரா விளிம்புல பிடிச்ச மாதிரி. அந்தக் கோடு விரிசல் இல்ல, தூசி. பின்னாடி இருக்கிற வெளிச்சத்தை மறைக்குது. புது நட்சத்திரமெல்லாம் பிறக்கிறது அந்த இடத்துலதான்.”

இதையே தாளில் கேட்டிருந்தால் ஒரு புள்ளி பிசகாமல் எழுதியிருப்பாள். வாயைத் திறந்தபோது உள்ளே இருந்து வந்தது என்னவோ எலும்புதான். தவறாகச் சொன்னால் என்ன ஆகும் என்று இத்தனை வருஷம் பயந்தவள், இப்போது அது ஆகட்டும் என்று காத்திருந்தாள். ஒன்றும் ஆகவில்லை. யாரும் மயங்கி விழவில்லை. கேலக்சி, தனக்குக் கட்டுப் போடச் சொன்னவளைச் சட்டை செய்யாமல், சுவரில் அப்படியே நின்றது.

“பார்த்ததுக்கு முழு மார்க்” என்று மேடம் எழுதினார். “அர்த்தத்துக்கு முட்டை. கூட்டிப் பார்த்தா பாதி. தேறிட்டீங்க, நூலிழைல.”

“இன்னொரு படம் சொல்லட்டுமா?”

“வேணாங்க, வெளியே ஆளு நிக்குது.”

கல்லூரி வாசலில் அவளுடைய கணவரின் பஸ்ஸே வந்தது. கூட்டம் இல்லை. பின்சீட்டில் உட்கார்ந்து, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். சில்லறைப் பையைக் குலுக்கிக்கொண்டு அவர் சிரித்த சிரிப்பில் முன்சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். “கேலக்சிக்கே மாவுக்கட்டா! பட்டதாரி அம்மாவுக்கு நான் டிக்கெட் போடலாமா, கூடாதா?”

அவள் சிரிக்கவில்லை. அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்ன பார்க்கற?”

“ஏங்க, இப்ப ஏறும்போது படியில கம்பியைப் பிடிச்சுக்கிட்டு மூச்சு வாங்க நின்னீங்க. வீட்டுலயும் மாடி ஏறினா நிக்கறீங்க. கொஞ்ச நாளா பார்க்கறேன். முன்னெல்லாம் நிக்க மாட்டீங்க.”

“வயசு ஏறுது, நான் நிக்கறேன்.”

“அதுவாவும் இருக்கலாம். நாளைக்கு வாங்க, ஒரு படம் எடுத்துரலாம்.” சற்று நிறுத்தினாள். “எனக்குப் பயமா இருக்கு.”

கல்யாணமான நாளிலிருந்து அவர் அவள் வாயில் கேட்காத வார்த்தை அது. பயணிகள் சீட்டில் நடத்துநர் உட்காரக் கூடாது, அவர் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“எனக்கும் கொஞ்சம் இருக்கு” என்றார். பிறகு, “எடுத்தவுடனே என்ன தெரியுதுன்னு சொல்லுவியா?”

“சொல்லுவேன். தப்பாக்கூடச் சொல்லுவேன்.”

முன்னால் இருந்து ஒருவர் டிக்கெட்டுக்காகக் கையை நீட்டிக்கொண்டே இருந்தார்.

“இருங்க சார்” என்றார் நடத்துநர். “வீட்டுக்காரி பேசிக்கிட்டிருக்கா.”